பாடவேளையா, கேள்விப் பட்டியலா, கத்தரிக்கோலா: மொரிஷியஸ் தொடக்கப் பள்ளியில் ஊடகக் கல்வி

எங்கள் தொடக்கப் பள்ளியில் தமிழ் எடுக்கும் பிள்ளைகள் ஒரே நாளில் நான்கு மொழிகளுக்குள் போய் வருகிறார்கள்: வீட்டிலும் விளையாட்டிடத்திலும் கிரியோல், பாடநூலில் ஆங்கிலம், செய்தித்தாளில் பெரும்பாலும் பிரெஞ்சு, விருப்பப் பாடமாக எங்களிடம் தமிழ். போதாக்குறைக்கு அம்மாவின் கைபேசியில் ஓடும் காணொளிகள், எந்த மொழியும் தேவைப்படாமலேயே அவர்களைக் கட்டிப்போடுகின்றன. ஆறு வயது முதல் ஒன்பது வயது வரையுள்ள இவர்களுக்கு ஊடகத்தைப் பகுத்துப் பார்க்கக் கற்பிப்பது எப்படி என்று ஆசிரியர் அறையில் பேசியபோது மூன்று வழிகள் முன்வைக்கப்பட்டன. வாரத்துக்கு ஒரு தனிப் பாடவேளை ஒதுக்குவது முதலாவது. எந்தச் செய்திக்கும் பொருந்தும் கேள்விப் பட்டியல் ஒன்றை மனப்பாடமாக்குவது இரண்டாவது. மொழிப் பாடத்துக்குள்ளேயே பிள்ளைகளின் கையால் படமும் செய்தியும் செய்யவைப்பது மூன்றாவது. கைபேசியை அறவே தடுத்துவிடலாம் என்ற நான்காவது யோசனையும் எழுந்தது. அது பள்ளி வாசலோடு முடிந்துபோகும் ஏற்பாடு என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

தனிப் பாடவேளையின் வசதி வெளிப்படையானது: நேர அட்டவணையில் இடம்பிடித்த பாடத்தை ஆசிரியர் மறக்க முடியாது. ஆனால் ஆறாம் வகுப்பு முடிவில் பி.எஸ்.ஏ.சி. எனப்படும் தொடக்கப் பள்ளிச் சான்றிதழ்த் தேர்வு காத்திருக்கும் ஒரு நாட்டில், தேர்வில் கேட்கப்படாத பாடவேளையைக் கணக்குப் பாடம் விழுங்கிவிட அதிக நாள் ஆகாது. பின்லாந்து இதற்கு நேரெதிரான வழியை எடுத்தது. 2014-இல் வகுக்கப்பட்டு 2016 முதல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுப் பாடத்திட்டம், படம், ஒலி, எண், எழுத்து ஆகிய அனைத்தையும் படித்தறியும் திறனைத் தனிப் பாடமாக ஒதுக்காமல் எல்லாப் பாடங்களுக்குள்ளும் பரப்பியது. நன்கு பயிற்றப்பட்ட ஆசிரியர்கள் இருக்கும் இடத்தில் அது பொருந்தும். பயிற்சி இல்லாத இடத்திலோ, இரண்டு வீட்டிலும் கலியாணம், இடையே செத்ததாம் நாய்க்குட்டி என்ற கதையாகிவிடும். அறிவியல் ஆசிரியர் மொழி ஆசிரியரைக் காட்டுவார், மொழி ஆசிரியர் அவரைக் காட்டுவார்.

கேள்விப் பட்டியலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நான் முதலில் நம்பியது அதைத்தான். இதை யார் செய்தார், எதற்காகச் செய்தார், எதை விட்டுவிட்டார், வேறு யார் இதைச் சொல்கிறார் என்ற நான்கு கேள்விகளை வண்ண அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தேன். இத்தகைய பட்டியலுக்கு ஆதரவாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது, மரத்தில் வாழும் ஆக்டோபஸ் பற்றிய ஆய்வு. 1998-இல் கேலிக்காக உருவாக்கப்பட்ட ஓர் இணையதளம், அமெரிக்காவின் வடமேற்குக் காடுகளில் மரமேறும் ஆக்டோபஸ் இருப்பதாகவும் அது அழிந்துவருவதாகவும் சொன்னது. பின்னாளில் கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் காட்டியபோது, அவர்களில் ஏறத்தாழ அனைவரும் அதை நம்பிவிட்டனர். ஆனால் அந்த மாணவர்கள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதினர் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. என் வகுப்பிலோ ஏழு வயது. அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த குழுவின் 2004-ஆம் ஆண்டு அறிக்கை, எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, விளம்பரம் தங்களை இணங்கவைப்பதற்காகவே செய்யப்பட்டது என்பது விளங்குவதில்லை என்று கூறியது. அப்படியானால் ‘எதற்காகச் செய்தார்’ என்ற கேள்விக்கு ஏழு வயதுப் பிள்ளை தரும் விடை, ஆசிரியர் எதை எதிர்பார்க்கிறார் என்ற ஊகமாகத்தான் இருக்கும்.

அப்படித்தான் நடந்தது. பட்டியலை மாட்டிய மூன்றாவது வாரம், 2024 ஜனவரி 15 அன்று பெலால் சூறாவளியின் பெருமழையில் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் அடித்துச் செல்லப்பட்ட படத்தைக் காட்டினேன். நான் வாய் திறப்பதற்குள் வகுப்பு முழுவதும் “பா வ்ரே! பா வ்ரே!” என்று கூவியது. உண்மை இல்லை என்பதற்குக் கிரியோலில் சொல்லும் சொல் அது. படமோ உண்மையானது, அதே வெள்ளத்தில் சிக்கித் தாமதமாக வீடு திரும்பிய பெற்றோர் அந்தப் பிள்ளைகளுக்கே உண்டு. நான் கற்பித்தது பகுத்தறிவு அன்று, கூச்சலிட்டு மறுக்கும் பழக்கம் என்பது அப்போது உறைத்தது. ஆண்டுதோறும் சூறாவளியை எதிர்நோக்கும் ஒரு தீவில், வாக்கோவா வானிலை நிலையம் ஒன்று முதல் நான்கு வரை வகைப்படுத்தி வெளியிடும் எச்சரிக்கையைக்கூட ஒரு பிள்ளை “பா வ்ரே” என்று தள்ளக் கற்றுக்கொண்டால், எல்லாவற்றையும் நம்பும் பிள்ளையைவிட அதன் நிலைதான் மோசம்.

பட்டியலில் நான் காப்பாற்றிக்கொண்டது கடைசிக் கேள்வியை மட்டுமே. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் செய்த ஆய்வில், செய்திச் சரிபார்ப்பாளர்கள் ஒரு பக்கத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்காமல் சீக்கிரமே அதைவிட்டு வெளியேறி, அதைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். வரலாற்றுப் பேராசிரியர்கள்கூட அப்படிச் செய்யாமல் ஏமாந்தார்கள். ஏழு வயதுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். ‘நாளை பள்ளி இல்லை’ என்று யாரோ அனுப்பிய படம் வந்தால், வானொலியிலும் அதையே சொல்கிறார்களா என்று அப்பாவிடம் கேள். அவ்வளவுதான்.

மூன்றாம் வழிக்கு எனக்குத் தேவைப்பட்டவை ஒரு பழைய நாள்காட்டி அட்டையும் கத்தரிக்கோலும். அட்டையின் நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சன்னல் வெட்டினேன். தைப்பூசக் காவடி ஊர்வலத்தின் பெரிய படம் ஒன்றை மேசையில் விரித்து, சன்னலை முதலில் கன்னத்தில் வேல் குத்திய ஒருவரின் முகத்தின் மேல் வைத்தேன். அழுகிறார், வலிக்கிறது, பயமாக இருக்கிறது என்றார்கள். சன்னலை ஒரு சாண் நகர்த்தினேன். வாழையிலையில் ஏழு கறி பரிமாறும் பாட்டிகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கலியாணம் என்றார்கள். அட்டையை எடுத்தவுடன் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி, “மெம் ஃபோட்டோ சா, மிஸ்?” என்று கேட்டாள்: எல்லாம் ஒரே படமா? பிறகு அவர்களே சன்னலை நகர்த்தி, ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வரித் தலைப்பைத் தமிழில் எழுதினார்கள். ‘எதை விட்டுவிட்டார்’ என்ற கேள்வியை நான் கேட்கவே இல்லை. ஒருவன் எழுதிய தலைப்பைப் பார்த்த இன்னொருவன், “பாட்டியை மறைத்துவிட்டாய்” என்று சண்டைக்குப் போனான்.

இந்த வழியின் குறைகளையும் மறைக்க விரும்பவில்லை. தயாரிப்புக்கு நேரம் பிடிக்கிறது. இருபத்தைந்து பிள்ளைகளுக்கு நான்கு கத்தரிக்கோல் என்றால் பாதி வகுப்பு கைகட்டிக் காத்திருக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல் மொழி. எங்கள் பிள்ளைகளின் தமிழ் தலைப்பு எழுதப் போதும், வாதாடப் போதாது. ஆகவே வாதம் கிரியோலிலும் எழுத்து தமிழிலுமாக நடக்க விட்டுவிடுகிறேன். இதைத் தமிழ் வகுப்புக்கு இழுக்கு என்று கருதும் சக ஆசிரியர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தலைப்புக்குச் சொல் தேடும்போதுதான், பாடநூலில் வந்த ‘கூட்டம்’, ‘மகிழ்ச்சி’ முதலிய சொற்கள் அவர்களுக்கு முதன்முறையாகத் தேவைப்படுகின்றன.

தமிழ் வகுப்பிலேயே இதைச் செய்ய இன்னொரு காரணமும் உண்டு. நம் மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்ததாகத் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998-இல் வெளியான நோட்டுகளில் தமிழைக் கீழே தள்ளிவிட்டு அந்த இடத்தில் தேவநாகரி எழுத்து அச்சாகியிருந்தது. தமிழ்ச் சமூகம் எதிர்த்ததனால் அவை திரும்பப் பெறப்பட்டு, 1999-இல் பழைய வரிசையோடு புதிய நோட்டுகள் வந்தன. ஒரு சொல்லும் மாறவில்லை, வரிசை மட்டுமே மாறியது என்பதை மூன்றாம் வகுப்புக்கு விளக்க வேறு கருவி தேவையில்லை.

ஆகவே எட்டு வயது வரை கத்தரிக்கோல், ஐந்தாம் வகுப்பில் பட்டியல், தனிப் பாடவேளை இப்போதைக்கு வேண்டாம் என்று தலைமையாசிரியருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த தவணையின் முதல் வாரத்துக்கு, ஆளுக்கொரு இருபத்தைந்து ரூபாய் நோட்டை வீட்டிலிருந்து கடன் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். பெற்றோருக்கு எழுதிய குறிப்பில், நோட்டு அன்று மாலையே திரும்பி வரும் என்று கீழே கோடிட்டுச் சேர்க்க வேண்டியதாயிற்று.