‘ஆர்எஃப் எர்த்திங் பேக்கேஜ்’: 28,500 ரூபாய்க்கு நான் வாங்கிய பள்ளம்

போன வாரம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் என் வீட்டு மொட்டை மாடி படமாக வந்தது. கொடியில் அம்மாவின் சுங்குடிச் சேலை காய்கிறது. அதற்குப் பின்னால் 20 மீட்டர் பேண்டுக்கான என் ஹாம் ரேடியோ வெர்ட்டிகல் (செங்குத்து ஆண்டெனா), சுவரோரமாக இறங்கும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டை. கீழே வாசகம்: ‘மதுரை கஸ்டமர் சைட், ஆர்எஃப் எர்த்திங் பேக்கேஜுடன், எஸ்டபிள்யூஆர் 1.3’. அந்த மதுரை கஸ்டமர் நான்தான். ஆர்எஃப் என்றால் ரேடியோ அலைவரிசை. எஸ்டபிள்யூஆர் என்பது ஆண்டெனாவுக்கு அனுப்பும் சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு, 1-க்கு அருகில் இருந்தால் நல்லது என்பார்கள். படத்துக்குக் கீழே மூன்று பேர் விலை கேட்டிருந்தார்கள். அதனால்தான் எழுதுகிறேன். ஆள் பெயரோ கடைப் பெயரோ போடப்போவதில்லை. வேலை செய்யும் விதத்தைச் சொன்னாலே போதும், அடையாளம் தெரிந்துவிடும்.

பொழுதுபோக்காக வானொலியில் பேசும் ஹாம் லைசென்ஸ் கைக்கு வந்த புதிது. ரிக் (பேசும் ரேடியோ கருவி) வாங்கியாயிற்று. மாடியில் 10 அடி ஜிஐ பைப் ஏற்கெனவே நின்றது, பழைய டிவி ஆண்டெனாவுக்குப் போட்டது. அதன் மேல் 5 மீட்டர் அலுமினிய வெர்ட்டிகலை நிறுத்தினால் கால் அலை ஆண்டெனா (அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ளது) தயார் என்று நினைத்தேன். ஆண்டெனா மாட்ட வந்தவர் மாடியைச் சுற்றிப் பார்த்தார். “சார், வெர்ட்டிகலுக்கு ஸ்டாண்டர்டுன்னா 120 ரேடியல் போடணும். இந்த மாடியில முடியுமா? முடியாதுல்ல? அதுக்குப் பதிலாத்தான் நாங்க ஆர்எஃப் எர்த்திங் குடுக்குறோம். ரேடியலே வேண்டாம்” என்றார்.

ரேடியல் என்பது ஆண்டெனாவின் அடியிலிருந்து ஆரக்கால்போல் விரியும் கம்பி. அந்த 120 பொய்யில்லை, அதுதான் சாமர்த்தியம். 1937-இல் பிரவுன், லூயிஸ், எப்ஸ்டைன் என்ற மூன்று ஆர்சிஏ பொறியாளர்கள் ஒலிபரப்புக் கோபுரங்களுக்காகச் செய்த ஆய்விலிருந்து வந்த எண்ணிக்கை அது. கோபுரம் தரையில் நிற்கும், கம்பிகள் மண்ணுக்குள் கிடக்கும். மண் சக்தியை விழுங்குவதால், விழுங்க விடாமல் தடுக்க அத்தனை கம்பி வேண்டியிருக்கிறது. தரையை விட்டு மேலே தூக்கிய ஆண்டெனாவின் கணக்கே வேறு: நீளம் சரியாக வெட்டிய ரேடியல் நான்கு போதும், இடமில்லையென்றால் எதிரெதிராக இரண்டு இருந்தாலும் ஓடும். எனக்கு அன்றைக்கு இது தெரியாது. 120 என்றதும் பயந்துவிட்டேன்.

ஆண்டெனா 9,000, எர்த்திங் பேக்கேஜ் 14,500, ஃபிட்டிங் 5,000. ஆண்டெனாவைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல குழாய்தான், இன்றைக்கும் அதுதான் நிற்கிறது. மிச்சத்துக்கு வருகிறேன்.

வாசல் பக்கம் செம்பருத்திச் செடிக்கு அருகே குழி தோண்டினார்கள். ஒரு ஜிஐ குழாயை இறக்கி, இரண்டு மூட்டைப் பொடியைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி மூடினார்கள். அங்கிருந்து பட்டை சுவர் வழியாக மாடிக்கு ஏறி, பைப்பைத் தொட்டு, ஆண்டெனா அடியில் கோஆக்ஸின் (ரேடியோவிலிருந்து ஆண்டெனாவுக்கு வரும் கேபிள்) வெளிப் பின்னலோடு சேர்ந்தது. மொத்தம் 12 மீட்டர் இருக்கும். அடுத்து வந்தது சோதனை. எர்த் டெஸ்டர் கருவியைக் கொண்டுவந்து, தள்ளித் தள்ளி இரண்டு கூர்ங்கம்பி அடித்து ஓம் அளப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர் பையிலிருந்து எடுத்தது ஒரு ஹோல்டரும் 100 வாட் குண்டு பல்பும்.

ஃபேஸுக்கும் புது எர்த்துக்கும் நடுவில் பல்பை மாட்டினார். மாட்டியதும் வீட்டு ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) தட்டிவிட்டது. அன்றைக்கு நடந்தவற்றில் ஒழுங்காக வேலை செய்தது அது ஒன்றுதான். “அது சென்சிட்டிவ் சார்” என்று சொல்லி, ஆர்சிசிபிக்கு முன்னாலிருந்தே ஃபேஸ் எடுத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. “பாத்தீங்களா, சூப்பர் எர்த்து” என்றார். அறிக்கைத் தாளில் 0.8 ஓம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். எரிகிற 100 வாட் பல்பின் தடையே ஐந்நூறு ஓமுக்கு மேல். எர்த் 25 ஓம் இருந்தாலும் அந்தப் பல்பு அதே பிரகாசமாகத்தான் எரியும். 0.8-ஐ எங்கே பார்த்தார் என்று இன்றுவரை தெரியவில்லை.

அது நிஜமாகவே 0.8 ஓமாக இருந்தாலும் என் ஆண்டெனாவுக்குப் பத்துப் பைசா பிரயோஜனமில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 12 மீட்டர் பட்டை ஒரு தூரமே இல்லை. ஆனால் 14 மெகாஹெர்ட்ஸில் முழு அலையே 21 மீட்டர்தான். அங்கே அந்தப் பட்டை அரை அலைக்கும் கூடுதலான நீளத்தில், சுவரை ஒட்டி, வீட்டு ஒயரிங்கை ஒட்டித் தொங்கும் இன்னொரு ஆண்டெனா. வாசலில் இருக்கும் பூமியை அது மாடிக்குத் தூக்கிக்கொண்டு வராது. கால் அலைத் தண்டு பாதி ஆண்டெனாதான். மறுபாதியாக நின்று மின்னோட்டத்தை வாங்கிக்கொள்வது ரேடியல். அது இல்லையென்றால், கிடைத்ததையெல்லாம் மறுபாதியாக்கிக்கொள்ளும். என் வீட்டில் கிடைத்தது அந்தப் பட்டையும் கோஆக்ஸின் வெளிப்புறமும்.

ரேடியோ அறையில் மீட்டர் 1.3 காட்டியது. கைகொடுத்தார், பணத்தை அனுப்பினேன். பில் கேட்டேன், “ஜிஎஸ்டி சேர்த்தா உங்களுக்குத்தான் சார் கூட வரும்” என்றார். வேண்டாமென்று விட்டேன். என் தப்பு.

அன்று ராத்திரியே ஆரம்பித்தது. மைக்கை உதட்டருகே கொண்டுபோனால் சுருக்கென்று கடித்தது. பேசப் பேச அடுப்படியில் இண்டக்‌ஷன் அடுப்பு தானாகப் பீப் அடித்தது. கோஆக்ஸைக் கையால் பிடித்தால் எஸ்டபிள்யூஆர் முள் அசைந்தது. இரைச்சல் ரிக்கின் சிக்னல் மீட்டரில் எஸ்7-க்குக் கீழே இறங்கவே இல்லை. ஐரோப்பிய நிலையங்கள் நன்றாகக் கேட்டன, என் குரல் அவர்களுக்குப் போகவில்லை. ஆறு மீட்டர் உயரத்தில் சாதாரண டைபோல் (இரு பக்கமும் கம்பி நீட்டிய ஆண்டெனா) கட்டியிருந்த நண்பர், அதே 50 வாட்டில் அதே நேரம் இத்தாலிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

போன் போட்டேன். மறுவாரம் வந்தார், இந்த முறை ‘யுனிவர்சல் ரேடியல் கிட்’ 4,800 ரூபாய். ரேடியலே வேண்டாம் என்ற அதே வாய். நான்கு கம்பி, ஒவ்வொன்றும் 3 மீட்டர். “எல்லா பேண்டுக்கும் இதே நீளம்தான் சார்.” அவற்றை நான்கு பக்கமும் இறக்கி, முனைகளைக் கைப்பிடிச் சுவரில் இடுப்புயரத்தில் ஆணியடித்துக் கட்டினார். ஒரு முனை துணிக்கொடிக் கம்பத்துக்குப் பக்கத்தில். எஸ்டபிள்யூஆர் 2.4-க்கு ஏறியது. “உங்க ரிக்குல ட்யூனர் வீக்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து, நான் கீழே சிக்யூ (யாராவது பேச வாருங்கள் என்ற அழைப்பு) கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது மேலே அம்மா சத்தம் போட்டார். ஓடிப் போய்ப் பார்த்தால், சேலையை எடுக்கும்போது கம்பி முனையில் விரல் பட்டிருக்கிறது. ஆள்காட்டி விரல் நுனியில் கடுகளவு வெள்ளைப் புள்ளி, சுற்றிலும் சிவப்பு. “கரண்டு அடிச்ச மாதிரி இல்லடா, ஊசியால சுட்ட மாதிரி இருந்துச்சு” என்றார். ரேடியல் முனையில் மின்னோட்டம் குறைவு, மின்னழுத்தம் எக்கச்சக்கம். 50 வாட்டுக்கே தோலைச் சுட்டுவிடும். முனைகள் ஆள் கைக்கு எட்டாத உயரத்தில், இன்சுலேட்டர் போட்டு நிற்கவேண்டும். எர்த்திங் நிபுணர் என்று விசிட்டிங் கார்டு அடித்தவருக்கு இது தெரியவில்லையா, தெரிந்தும் கவலையில்லையா என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டில் எது மோசம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

அன்றே எல்லாவற்றையும் கழற்றினேன். கம்பியின் மேல் பிளேடால் ஒரு கீறல் போட்டேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம். ‘பியூர் காப்பர்’ என்று சொல்லி விற்றது. இந்த அலைவரிசையில் மின்னோட்டம் மேல்தோலில்தான் ஓடும் என்பதால் சிக்னலுக்குப் பெரிய நஷ்டமில்லை, ஆனால் விலை செம்பு விலை. மழையில் நனைந்தால் கீறலிலும் முடிச்சிலும் அரித்துப் பொடியாகிவிடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, முப்பது வருட அனுபவமுள்ள ஓர் ஓஎம் (மூத்த ஹாம்) சட்டைப் பையில் நானோவிஎன்ஏவை, அதாவது ஆண்டெனா அளக்கும் சிறு கருவியை, போட்டுக்கொண்டு வந்தார். 3 மீட்டர் கம்பிகளைத் திரும்ப மாட்டி அளந்தோம். ஆண்டெனா ஒத்திசைந்தது 17 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில். கம்பிகளைக் கழற்றி, பழைய எர்த் பட்டையோடு மட்டும் அளந்தோம். 14.2-இல் 58 ஓம், எஸ்டபிள்யூஆர் 1.2. எனக்கு நல்லதாகத்தான் பட்டது. அவர் சிரித்தார். “தம்பி, டம்மி லோடுகூட 1.0 காட்டும். அதுல இத்தாலிக்குப் பேசுவியா?” டம்மி லோடு என்பது சக்தியை முழுக்கச் சூடாக்கி விழுங்கும் தடை, எதையும் ஒலிபரப்பாது. தரையில் நல்ல ரேடியல் படுகையோடு நிற்கும் கால் அலை ஆண்டெனா 36 ஓம் பக்கம் காட்டவேண்டும். உயரத்தில் சமமாக விரித்த ரேடியல் என்றால் இருபதுகளில்தான் இருக்கும். ரேடியலே இல்லாமல் ஐம்பதைத் தாண்டி நிற்கிறது என்றால், என் சக்தியில் ஒரு பெரும் பங்கு சுவரையும் மண்ணையும் சூடாக்கப் போகிறது என்று அர்த்தம். போதாததற்கு 30 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் தன் பங்குக்கு ஒன்றரை டெசிபல் சாப்பிட்டு, கீழே இருக்கும் மீட்டரில் எஸ்டபிள்யூஆரை இன்னும் அழகாக்கிக் காட்டும். கேபிள் எவ்வளவு மட்டமோ மீட்டர் அவ்வளவு சிரிக்கும்.

10 அடி பைப்பை எடுத்துவிட்டு 20 அடி பைப் நிறுத்தினோம். சாதாரண 1.5 ஸ்கொயர் வீட்டு ஒயர், நான்கு துண்டு. 71.3-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர் வரும்: 14.2-க்கு 5.02. முதலில் 5.10-ஆக வெட்டி, அளந்து அளந்து நறுக்கினோம். ஒயரின் மேலுறையால் கடைசியில் 4.86-இல் வந்து உட்கார்ந்தது. நான்கையும் 45 டிகிரிக்குச் சரித்துக் கட்டியதில் ஓம் இருபதுகளிலிருந்து 48-க்கு ஏறியது. இந்த ஏற்றம் வடிவத்தால் வருவது, நஷ்டத்தால் அல்ல. முனைகள் மாடித் தளத்திலிருந்து 2.5 மீட்டர் உயரத்தில், பிவிசி குழாய்த் துண்டு இன்சுலேட்டராக, அதற்குப் பிறகு நைலான் கயிறு. அதுவே பைப்புக்கு இழுகயிறாகவும் ஆயிற்று. கேபிள் ஆண்டெனாவோடு சேரும் ஃபீட் பாயிண்டுக்கு அடியில் 31 மிக்ஸ் ஃபெரைட் வளையத்தில் கோஆக்ஸை 12 சுற்றுச் சுற்றி சோக், கேபிளின் வெளிப்புறத்தில் மின்னோட்டம் ஓடாமல் தடுக்க. ஒயரும் கயிறும் சேர்ந்து 1,100 ரூபாய், பைப்பும் வளையமும் தனி.

ரேடியோ அறை மீட்டரில் இப்போது 1.2. முன்பு 1.3. அந்த முள்ளை மட்டும் பார்ப்பவருக்கு ஒன்றுமே மாறவில்லை. ஆனால் இரைச்சல் எஸ்4-க்கு இறங்கிவிட்டது, மைக் கடிப்பதில்லை, அடுப்பு பீப் அடிப்பதில்லை. ஒரு வாட்டில் டபிள்யூஎஸ்பிஆர் (நம் சிக்னல் எங்கெங்கே கேட்கிறது என்று இணையத்தில் பதிவாகும் சோதனை முறை) வைத்து ராத்திரி முழுக்க விட்டுப் பார்த்தேன். பழைய அமைப்பில் இரண்டே நிலையங்கள் என்னைக் கேட்டிருந்தன. இப்போது ஜப்பான், ஆஸ்திரேலியா, ஜெர்மனி என்று பட்டியல் ஒரு திரைக்குள் அடங்கவில்லை.

வாசலில் இருக்கும் அந்த எர்த் குழியை மட்டும் கைவிடவில்லை. பைப்புக்கும் இடிதாங்கி அரெஸ்டருக்கும் எர்த் வேண்டும்தான். ரேடியல் அந்த வேலையைச் செய்யாது. ஆனால் பேக்கேஜ் விற்றவர் தன் குழியை வீட்டு எர்த்தோடு இணைக்காமல் தனித்தீவாக விட்டுப் போயிருந்தார். “தனியா இருந்தாத்தான் சார் நாய்ஸ் வராது” என்று அதற்கு ஒரு காரணம் வேறு. பக்கத்தில் இடி விழுந்தால் இரண்டு குழிகளுக்கும் நடுவில் பல்லாயிரம் வோல்ட் வித்தியாசம் வரும், அது சமனாக ஓடும் பாதை கோஆக்ஸ், ரிக், பவர் சப்ளை, வீட்டு எர்த். உள்ளூர் எலெக்ட்ரீஷியனை வைத்து, ஐப்பசி மழைக்கு முன்னால் வெளிச்சுவரை ஒட்டி இரண்டையும் பட்டையால் இணைத்துவிட்டோம். டெஸ்டர் வைத்து அளந்தபோது அவருடைய குழி மட்டும் தனியாகக் காட்டியது 19 ஓம்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் பதிந்திருக்கிறேன். பில் இல்லை, ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் அந்த 0.8 ஓம் தாளும்தான் ஆதாரம். ஆர்சிசிபிக்கு முன்னால் ஃபேஸ் எடுத்த கதையையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்களிடம் யாராவது ‘ஆர்எஃப் எர்த்திங்’ என்று விலை சொன்னால், எந்த அலைவரிசைக்கு ரேடியல் எத்தனை மீட்டர் என்று மட்டும் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே நீளம் என்றாலோ, தேவையே இல்லை என்றாலோ, டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பேக்கேஜ் விற்றவரிடம் கடைசியாகப் பேசியபோது அந்தக் கிட்டுக்கான 4,800-ஐயாவது திருப்பிக் கேட்டேன். “கேஷா வேண்டாம் சார். உங்க சைட் போட்டோ நல்லா போகுது. யாராச்சும் கூப்பிட்டுக் கேட்டா நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அதுல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்.” இதுவரை இரண்டு பேர் கூப்பிட்டார்கள். இருவருக்கும் அம்மாவிடமே போனைக் கொடுத்துவிட்டேன்.