திருகோணமலையில் "வெக்கியூம்" கருவாடு வாங்கிப் பிளேன் ஏறுகிறவர்கள் கவனத்துக்கு

லீவுக்கு வந்து திரும்புகிறவர்களும் வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் போகிற அம்மா அப்பாக்களும் திருமலையில் கருவாடு வாங்காமல் போவதில்லை. அவர்களைச் சில கடைகள் ஏமாற்றுகின்றன. "வெக்கியூம் பண்ணித் தாறம், ஒரு மணமும் வராது" என்று பைக்கு இவ்வளவு எனத் தனிக்காசு வாங்கிக்கொண்டு, சாதாரணப் பொலித்தீன் பையில் போட்டு, சூட்டு மெஷினில் வாயை மட்டும் ஒட்டித் தருகிறார்கள். வெக்கியூம் என்றால் பைக்குள் இருக்கிற காற்றை மெஷினால் இழுத்து எடுத்துவிட்டு ஒட்டுவது; இதில் காற்று அப்படியே உள்ளே இருக்கிறது. போகிறது உங்கள் காசு மட்டுமல்ல, அந்தப் பிளேனில் பத்து மணித்தியாலம் எழும்பிப் போக வழியில்லாமல் இருக்கிறவர்களின் நிம்மதியும்தான்.

கடையிலேயே கிள்ளிப் பாருங்கள். உண்மையான வெக்கியூம் பை மீனோடு ஒட்டி விறைத்துப்போய் இருக்கும், விரலுக்குப் பிடிபடாது. பிடிபட்டால் காசைக் கொடுக்காதீர்கள். பையும் வேறு சாதி: நைலோனும் பொலித்தீனும் படைபடையாகச் சேர்ந்தது, 70 முதல் 100 மைக்ரோன் தடிப்பு. வெறும் பொலித்தீன் தண்ணியைத் தடுக்கும், மணத்தைத் தடுக்காது. கருவாட்டின் வெடுக்குக்கு முக்கிய காரணம் ட்ரைமெதைலமின் என்ற வாயு. அது பொலித்தீனை ஊடுருவி வெளியே வரும். சொப்பிங் பையை நாலு சுற்றுச் சுற்றினால் வருவது கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான்.

பறக்கும்போது கபினுக்குள் காற்றமுக்கம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமன். நுவரெலியா உயரம், அல்லது அதற்கும் மேல். காற்று அடைபட்ட பை அங்கே கால்பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை ஊதும். அரைகுறையாக ஒட்டின வாய் அப்போதுதான் விடும். கபினின் வடிகட்டி தூசியையும் கிருமியையும் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. அதனால் கருவாடு கைப்பையில் வேண்டவே வேண்டாம், சூட்கேசில்தான் போகவேண்டும். அடித்தட்டிலும் அதே அமுக்கம்தான், ஆகவே அங்கேயும் பை விட்டால் உடுப்பெல்லாம் போச்சு.

இன்னொரு ஏமாற்று, நிறைக்காகச் சரியாகக் காயாத மீனைத் தருவது. நடுமுள்ளுக்குப் பக்கத்தில் தடித்த இடத்தைப் பெருவிரலால் அமத்துங்கள். பள்ளம் விழுந்தால் உள்ளே ஈரம். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகிற ஆறேழு மணித்தியால வெக்கையில் அது வேர்த்து உப்புத்தண்ணி விடும். சுறா, திருக்கை இரண்டையும் பிளேனுக்கு வாங்காதீர்கள். அவற்றின் தசையில் உள்ள யூரியா அமோனியாவாக மாறும். எந்தப் பொதியையும் நம்பி அதைக் கொண்டுபோக முடியாது. நெத்தலி சுகம். கட்டா, அறக்குளா என்றால் முள்ளுத்தான் பிரச்சினை, வெக்கியூம் இழுக்கும்போதே பையில் ஓட்டை போட்டுவிடும்.

வீட்டில் செய்வதென்றால், இன்னும் ஒருநாள் வெயிலில் போட்டு எடுத்து முழுதாக ஆறவிடுங்கள். சூட்டோடு கட்டினால் பைக்குள் வேர்க்கும். செட்டையையும் துருத்தும் முள்ளையும் கத்தரிக்கோலால் வெட்டி, பிறவுண் பேப்பரில் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். ஒரு பைக்கு அரைக் கிலோ போதும். வாயை ஒரு சென்ரிமீற்றர் இடைவிட்டு இரண்டு தரம் ஒட்டி, அதை இன்னொரு வெக்கியூம் பைக்குள் தலைகீழாக வைத்து மறுபடி ஒட்டவேண்டும். ஒட்டுகிற இடத்தில் எண்ணெயோ உப்புத்தூளோ பட்டிருந்தால் ஒட்டாது, துடைத்துவிட்டு ஒட்டுங்கள். பிறகு மூடியுள்ள வாளிக்குள் ஒரு இரவு வைத்து, காலையில் மூடியைத் திறந்து மணந்து பாருங்கள். மணந்தால் பிரித்துத் திரும்பக் கட்டத்தான் வேண்டும். கோப்பித்தூள், சென்ற் எல்லாம் போட்டு மறைக்க வெளிக்கிட்டால் இரண்டு மணமும் சேர்ந்து பக்கத்தில் இருக்கிறவரை வருத்தும்.

பிரித்தானியாவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் சொந்தப் பாவனைக்கு 20 கிலோ வரை மீன் கொண்டுபோகலாம். இறைச்சி, பால் பொருட்களுக்கு அனுமதியில்லை. அவுஸ்திரேலியா என்றால் இறங்கும்போது கட்டாயம் எழுதிக் காட்டவேண்டும்.

பிளேனுக்குள் மணக்கத் தொடங்கினால் பையைத் திறந்து பார்க்காதீர்கள். பணியாளரிடம் மெதுவாகச் சொல்லி, கட்டிவைக்க ஒரு பை கேளுங்கள். மணப்பது பக்கத்துச் சீற்றில் என்றாலும் ஆளோடு கொழுவாமல் அவர்களிடமே சொல்லுங்கள், வெறும் சீற் இருந்தால் மாற்றித் தருவார்கள்.

கடையில் பில் கேட்டு வாங்குங்கள், அதில் "வெக்கியூம்" என்று எழுதுவியுங்கள். ஏமாற்றினால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இல் அழைத்து முறையிடலாம்.