பொம்மை என்று ஒதுக்கிய பெட்டிகள்: நான்கு சிறிய சின்தசைசர்கள், ஓர் ஒப்பீடு

நம் ஊரில் கீபோர்டு என்றதும் நினைவுக்கு வருவது மெல்லிசைக் குழுவின் மேடையில் நிற்கும் ஐந்து ஆக்டேவ் கருவிதான். பியானோவோ வயலினோ தாளமோ எல்லாம் உள்ளே தயாராக இருக்கும். பொத்தானை அழுத்தினால் போதும். சின்தசைசரின் வேலை வேறு. வெறும் மின்னலையை எடுத்துக்கொண்டு அதிலிருந்து ஒலியைச் செதுக்குவது அது. என்ன ஒலி என்பதை வாசிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த வேலைக்குப் பெரிய உடம்பு தேவையே இல்லை. ஆனாலும் கையடக்கமான ஒரு பெட்டியைப் பார்த்ததும் "பொம்மை" என்று சொல்லிவிட்டு நகர்பவர்களே அதிகம்.

இங்கே எடுத்துக்கொள்ளும் நான்கும் அந்தச் சொல்லை வாங்கிக் கட்டிக்கொண்டவை: யமஹாவின் ரிஃபேஸ் சி.எஸ். (2015), பிரெஞ்சு நிறுவனமான ஆர்டூரியாவின் மைக்ரோஃப்ரீக் (2019), கோர்க்கின் வோல்கா எஃப்.எம். இரண்டாம் பதிப்பு (2022), ரோலண்டின் எஸ்-1 (2023). நான்குமே எதிர்பார்ப்பை மிஞ்சுகின்றன, ஆனால் ஒரே விதத்தில் அல்ல. சிறிய கருவி என்றால் செலவைக் குறைக்க எங்கேயாவது கை வைத்திருப்பார்கள். எங்கே கை வைத்தார்கள் என்பதுதான் என் ஒரே அளவுகோல். கட்டைகளிலும் பெட்டியிலும் திரையிலும் சாக்கெட்டுகளிலும் மிச்சம் பிடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஒலி பிறக்கும் இடத்தில் மிச்சம் பிடித்திருந்தால் அதற்கு மருந்தே கிடையாது.

இந்த வழியைத் திறந்துவிட்டதில் கோர்க்குக்குப் பெரிய பங்கு உண்டு. 2010இல் அந்த நிறுவனம் மோனோட்ரான் என்று ஒன்றை வெளியிட்டது. ஐந்து குமிழ்கள், விரலால் தேய்த்து வாசிக்க ஒரு பட்டை, இரண்டு சிறிய பேட்டரிகள், அவ்வளவுதான் கருவி. கட்டைகள் கிடையாது. இரைச்சல் தாராளமாக உண்டு. அதில் ஒரு கீர்த்தனையின் பல்லவியை வாசிக்க முயல்வது பொறுமைக்கு வைக்கும் பரீட்சை. ஆனால் உள்ளே இருந்த ஃபில்டர் (அலையிலிருந்து வேண்டாத பகுதியை வெட்டும் உறுப்பு), கோர்க்கின் 1978 எம்.எஸ்.-20 கருவியில் இருந்த அதே அனலாக் வகை, அதாவது கணக்குப் போடும் நிரல் அல்ல, நேரடி மின்சுற்று. அதைத் திருகியவர்கள் யாரும் பிறகு பொம்மை என்று சொல்லவில்லை. 2013இல் வோல்கா வரிசை அந்தத் துணிச்சலில்தான் வந்தது.

முதலில் ஒலி. மைக்ரோஃப்ரீக்கில் அலையை உண்டாக்கும் ஆசிலேட்டர் டிஜிட்டல், அதைச் செதுக்கும் ஃபில்டர் அனலாக். வந்தபோது ஒரு டஜன் அளவுக்கு ஆசிலேட்டர் வகைகள் இருந்தன. அவற்றில் ஏழு, மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் எமிலி ஜில்லே எழுதித் திறந்த மூலமாக வெளியிட்டிருந்த பிளெய்ட்ஸ் நிரலிலிருந்து எடுக்கப்பட்டவை. அடுக்குச் சட்டத்தில் பொருத்தி வாசிக்கும் விலையுயர்ந்த மாடுலர் உலகத்துக்கு உரியவை, மெல்லிய பெட்டி ஒன்றில் வந்து உட்கார்ந்துகொண்டன. மீட்டிய தந்தி போல ஒன்று, தட்டிய உலோகம் போல ஒன்று, சொற்களை முணுமுணுக்கும் ஒன்று. ஒவ்வொரு வகைக்கும் மூன்றே குமிழ்கள்தான் என்பதால் புதியவருக்கும் திகைப்பில்லை, கேட்டுக்கொண்டே திருகலாம். ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள் ஓடும் நிரல், புதுப்பிக்கப்பட்டதன் வழியாக இந்த வகைகள் இன்று இருபதைத் தாண்டிவிட்டன. பதிவு செய்த ஒலித் துண்டுகளைத் தூளாக்கி வாசிக்கும் கிரானுலர் முறைகூட 2023இல் இலவசமாக வந்து சேர்ந்தது. வாங்கிய பிறகு வளர்ந்துகொண்டே போகும் கருவிகள் அபூர்வம்.

கை வைத்த இடம் எது? நான்கு ஸ்வரங்களை ஒன்றாக வாசிக்கலாம், ஆனால் ஃபில்டர் ஒன்றே ஒன்று. திருமண மண்டபத்தில் நான்கு குடும்பங்களும் ஒரே வாசல் வழியாக வெளியேறுவதுபோல நான்கு ஸ்வரங்களும் அதன் வழியாகத்தான் வர வேண்டும். முதல் ஸ்வரம் தேய்ந்துகொண்டிருக்கும்போது அடுத்ததை அழுத்தினால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஃபில்டர் மறுபடி திறக்கும். எதிரொலி, கோரஸ் போன்ற விளைவுகள் எதுவும் உள்ளே கிடையாது. வெளியீடு மோனோ. எனவே முதல் தடவை கேட்கும்போது இது வறட்டுத்தனமாகப் படும். கடையில் கேட்டுவிட்டு வேண்டாம் என்று திரும்புகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அறையின் முழக்கத்தைச் சேர்க்கும் ஒரு ரிவெர்ப் பெடலை இணைத்துவிட்டுக் கேட்கச் சொல்வேன்.

எஸ்-1 இதற்கு நேரெதிர். உள்ளே எல்லாமே டிஜிட்டல், ஆனால் அது பாவனை செய்வது 1982இன் எஸ்.எச்.-101 என்னும் அனலாக் கருவியை. அந்த மூதாதையின் கதையும் இதேதான்: பிளாஸ்டிக் உடல், ஒரே ஆசிலேட்டர், பேட்டரியில் ஓடி, தோளில் மாட்டிக்கொண்டு வாசிக்கும்படி செய்யப்பட்டது. பின்னாளில் மின்னணு நடன இசைக்காரர்கள் அதைத் தேடித் தேடி வாங்கினார்கள். எஸ்-1 அதன் பேஸ் ஒலியை, அந்த ரப்பர் போன்ற இழுவையை, வியக்கத்தக்க நெருக்கத்தில் தருகிறது. மூலக்கருவி ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் பேசும். பேரன் நான்கு பேசுகிறான். கோரஸ், டிலே, ரிவெர்ப் மூன்றும் உள்ளேயே உண்டு. பதிந்து வைத்த ஸ்வர வரிசையைத் தானே வாசிக்கும், 64 படிகள் கொண்ட சீக்வென்சர் இருக்கிறது. அலையின் வடிவத்தைப் பொத்தான்களால் நாமே வரையலாம். எடை சுமார் 300 கிராம்! கண்ணை மூடிக்கொண்டு ஒரு நல்ல ஸ்பீக்கரில் கேட்பவர், இது எவ்வளவு பெரிய கருவி என்று கேட்டால் தப்பாகத்தான் பதில் சொல்வார்.

ரோலண்ட் கை வைத்தது நம் விரல்களில். கட்டைகள் என்று பெயர், உண்மையில் சிறிய ரப்பர் பொத்தான்கள். பாதி வசதிகள் ஷிஃப்ட் பொத்தானுக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன. அவற்றின் பெயர்கள் பெட்டியின்மேல் எறும்பு எழுத்தில் அச்சாகியிருக்கின்றன. நாற்பது வயதைக் கடந்தவர்கள் கண்ணாடியையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளலாம்.

வோல்கா எஃப்.எம்.முக்கு வருவோம். யமஹாவின் டி.எக்ஸ்.7 1983இல் வந்தபோது, ஓர் அலையால் இன்னோர் அலையை அசைத்து ஒலி உண்டாக்கும் எஃப்.எம். முறை உலகெங்கும் பரவியது. 1980களின் பிற்பாதித் திரைப்பாடல்களைக் கேட்டு வளர்ந்த யாருக்கும் அந்தக் கண்ணாடி மணி போன்ற எலெக்ட்ரிக் பியானோ அந்நியம் அல்ல. வோல்காவில் அதே ஆறு ஆபரேட்டர்கள் (ஒன்றையொன்று அசைக்கும் அலைகள்), அவற்றைக் கோக்கும் அதே 32 இணைப்பு முறைகள். டி.எக்ஸ்.7க்காக நாற்பது ஆண்டுகளாக உலகம் சேர்த்து வைத்திருக்கும் ஒலிக் கோப்புகளை, இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் மிடி இணைப்பு வழியாக அப்படியே ஏற்றலாம். முதல் பதிப்பில் மூன்று ஸ்வரங்களுக்கு மேல் வராது, இரண்டாவதில் ஆறு. மூலக்கருவியின் பதினாறோடு ஒப்பிட்டால் குறைவுதான், ஆனால் இரண்டு கையையும் விரித்து வாசிக்காதவரை உறுத்தாது.

எனக்குப் பிடித்தது கோர்க் சேர்த்த ஒரு சின்னப் புத்திசாலித்தனம். டி.எக்ஸ்.7இல் ஒலியை மாற்றுவது ஒரு தனித் தவம்: இரண்டு வரித் திரை, எண்களுக்குமேல் எண்கள். பெரும்பாலோர் தயார் ஒலிகளோடு நின்றுவிட்டார்கள். வோல்காவில் ஒலியின் கூர்மையை ஆளும் அலைகளை மொத்தமாகவும், காதில் விழும் அலைகளை மொத்தமாகவும் திருத்தத் தனித்தனிக் குமிழ்கள் வைத்துவிட்டார்கள். எஃப்.எம். கணக்கு எதுவும் தெரியாமலேயே மணியை மழுங்கச் செய்து புல்லாங்குழல் பக்கம் நகர்த்தலாம். ஆனால் அந்தத் தொடுபட்டைக் கட்டைகளில் வாசிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. வெளியே ஒரு மிடி கீபோர்டு இணைக்காவிட்டால் இந்தக் கருவியின் பாதிதான் உங்கள் கையில் இருக்கிறது.

ரிஃபேஸ் சி.எஸ். நான்கில் விலை கூடியது, அதனாலேயே அதிகம் கேலிக்கு உள்ளானது. இந்தப் பணத்துக்குக் குட்டிக் கட்டைகளா என்று கேட்டவர்கள் பலர். ஆனால் இந்த நால்வரில் உட்கார்ந்து வாசிக்கத் தகுந்த கட்டைகள் இதில் மட்டும்தான் உள்ளன. சிறியவை, ஆனால் உறுதியானவை. 37 கட்டைகள், எட்டு ஸ்வரங்கள், உள்ளேயே ஸ்பீக்கர். திரையோ மெனுவோ கிடையாது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நெம்பு, கண்ணெதிரே. ஒலி இதமானது, வழவழப்பானது. மைக்ரோஃப்ரீக்கின் குறும்பு இதற்கு வராது. நினைவகம் இல்லாததுதான் பெரிய அடி. அருமையான ஓர் ஒலியை உருவாக்கிவிட்டு நெம்புகளை நகர்த்தினால் அது போயிற்று. வெளியே ஒரு செல்போன் அல்லது கணினியின் துணையோடுதான் சேமிக்க முடியும். மேடைக் கலைஞருக்கு இது மன்னிக்க முடியாத சிக்கனம். கற்றுக்கொள்பவருக்கோ, ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்ய வைப்பது ஒருவகையில் நன்மை என்று சமாதானம் சொல்லலாம். நானே அதை முழுசாக நம்பவில்லை.

நம் இசைக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று, மேல்நாட்டு விமர்சனங்களில் அநேகமாக வருவதில்லை: இதில் கமகம் வருமா? கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே சுருதி வழுக்க வேண்டும், அசைய வேண்டும். ரிஃபேஸில் விட்டால் நடுவுக்குத் திரும்பும் நெம்பு இருக்கிறது; பழக்கமான வழி, நம்பகமானது. மைக்ரோஃப்ரீக்கில் தொடுபட்டை உண்டு. அதைவிடச் சுவையானது அதன் அசையாத, தொடு உணர்வுக் கட்டைப் பலகை. ஒவ்வொரு கட்டையும் தன்மேல் விழும் விரலின் அழுத்தத்தைத் தனியாக உணர்கிறது. எது எதை அசைக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இணைப்புப் பலகையில் அந்த அழுத்தத்தைச் சுருதியோடு கோத்துவிட்டால், ரிஷபத்தை அழுத்தி வைத்துக்கொண்டே விரலை இன்னும் அமர்த்திக் காந்தாரத்தின் பக்கம் ஏற்றலாம். ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் போகும்; வியர்த்த விரலுக்கும் உலர்ந்த விரலுக்கும் ஒரே மாதிரி பதில் சொல்லவும் செய்யாது. ஆனாலும் இந்த அளவு பெட்டியில் இப்படி ஒரு வசதி கிடைப்பது வேறெங்கும் எளிதல்ல. எஸ்-1 இன்னும் விசித்திரம்: பெட்டியையே கையில் எடுத்துச் சாய்த்தால் சுருதி வளையும்படி அமைக்கலாம். வேடிக்கைதான், கச்சிதமாக நிறுத்துவது கடினம். வோல்காவின் பெட்டியில் சுருதியை வளைக்கத் தனிச் சக்கரமோ நெம்போ கிடையாது.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லாமல் போக முடியவில்லை. ரோலண்டின் டி.பி.-303, கிதார் வாசிப்பவர்களுக்குத் துணையாக பேஸ் வாசிக்கும் என்று சொல்லி 1981இல் விற்பனைக்கு வந்தது. பேஸ் கிதார் போல அது ஒலிக்கவே இல்லை. 1984இல் தயாரிப்பை நிறுத்தினார்கள். 1982இல் மும்பையில், இந்தித் திரையிசையில் வாசித்துவந்த சரண்ஜித் சிங் அதே பெட்டியையும் ரோலண்டின் இன்னும் இரண்டு கருவிகளையும் வைத்து, ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து இசைத்தட்டு வெளியிட்டார். பெரிதாக விற்கவில்லை. சிகாகோவில் அந்தக் கருவியை வைத்து ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசைப் பாணி பிறந்தது 1987இல். சிங்கின் தட்டு 2010இல் மறுபதிப்பானபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கும் டி.பி.-303இன் இயல்பு நம் ராகங்களுக்கு இயல்பாகவே பொருந்தியது என்பதே என் கணிப்பு. எஸ்-1இன் இழுவையிலும் அதன் சாயல் கேட்கிறது.

இணைப்புகளைப் பற்றிச் சுருக்கமாக. எஸ்-1 யு.எஸ்.பி. வழியாக ஒலியையே கணினிக்கு அனுப்பும். வீட்டில் பதிவு செய்பவருக்கு ஆடியோ இன்டர்ஃபேஸ் செலவு மிச்சம். மைக்ரோஃப்ரீக், ரிஃபேஸ் இரண்டிலும் யு.எஸ்.பி.யில் மிடி மட்டுமே. ஆனால் மைக்ரோஃப்ரீக்கில் மாடுலர் கருவிகளோடு பேசும் சாக்கெட்டுகளும் உண்டு, ரிஃபேஸில் மேடைக்கு ஏற்ற ஸ்டீரியோ வெளியீடு உண்டு. வோல்காவில் ஒலி வெளியே வர ஒரே ஒரு ஹெட்ஃபோன் துளைதான். மின்வெட்டில் கைகொடுப்பது எஸ்-1இன் உள் பேட்டரியும், வோல்கா, ரிஃபேஸ் இரண்டின் ஆறு ஏ.ஏ. பேட்டரிகளும். மைக்ரோஃப்ரீக்குக்கு உள்ளே பேட்டரி இல்லை, ஆனால் யு.எஸ்.பி. மின்சாரம் போதும் என்பதால் பவர் பேங்க் ஒன்றில் ஓட்டிவிடலாம்.

எதிர்பார்ப்புக்கும் உண்மைக்கும் இடையிலான தூரத்தை மட்டும் அளந்தால் எஸ்-1தான் முதலிடம். அந்த உடம்பிலிருந்து அந்த ஒலியை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் ஒன்றே ஒன்று வாங்கப் பணம் இருக்கிறது என்றால் நான் மைக்ரோஃப்ரீக்கைத்தான் சொல்வேன். ஒலி செய்யக் கற்றுத் தருவதில் மற்ற மூன்றும் அதன் அருகில் வரவில்லை. கணினியில் இசையமைப்பவர், அடிக்கடி பயணம் செய்பவர் என்றால் எஸ்-1. வீட்டில் ஏற்கெனவே மிடி கீபோர்டு இருந்து, எண்பதுகளின் ஒலிமேல் ஆசையும் இருந்தால் வோல்கா. கீபோர்டு இல்லாதவர்கள் அதைத் தொட வேண்டாம். மாலையில் உட்கார்ந்து எதையும் இணைக்காமல் வாசிக்க விரும்புகிறவருக்கு, நல்ல விலையில் கிடைத்தால், ரிஃபேஸ்.

பழையதாக வாங்குவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். எஸ்-1இல் பேட்டரி பெட்டிக்குள்ளேயே இருப்பதால் அது எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று எதிரிலேயே ஓட்டிப் பாருங்கள். ரிஃபேஸில் ஒவ்வொரு நெம்பையும் மேலும் கீழும் நகர்த்தி ஒலி கரகரக்கிறதா என்று கேளுங்கள். மைக்ரோஃப்ரீக்கில் எல்லாக் கட்டைகளும் மென்மையான தொடுதலுக்கும் பதில் சொல்கின்றனவா என்று பார்த்தால் போதும். 2019இல் வாங்கிய பெட்டியாக இருந்தாலும் ஃபர்ம்வேரை ஏற்றினால் புதிய ஆசிலேட்டர்கள் எல்லாம் வந்துவிடும். எனவே பழைய மாடல் என்பதை விற்பவரிடம் விலை பேசுவதற்கான காரணமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.