டீசல் அடிட்டிவ்: கோடையில் கைகொடுத்தது, மாரியில் காலை வாரியது

"மழை தொடங்கப் போகுது மச்சான், லொறிக்கு எந்த டீசல் அடிட்டிவ் போத்தல் ஊத்துறது?" என்று கூட்டாளி ஒருவர் கேட்டிருந்தார். நெல் ஏற்றும் பழைய லொறியிலும் கொமன் ரெயில் (டீசலை உயரழுத்தத்தில் தெளிக்கும் புதிய முறை) உள்ள ஜப்பான் லொறியிலும் கோடை, மாரி இரண்டுக்கும் ஊற்றிப் பார்த்ததை வைத்துப் பதில் எழுதுகிறேன். நான் சொல்வது டீசலோடு தாங்கிக்குள் ஊற்றும் அடிட்டிவ்; இன்ஜெக்டர் (எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் பாகம்) கழுவும் சரக்கும் சீட்டேன் (டீசல் சட்டென்று பற்றும் தன்மை) கூட்டும் சரக்கும் சேர்ந்த வகை. அளவு ஒரு லீற்றர் டீசலுக்கு ஒரு மில்லிலீற்றர், அதாவது 100 லீற்றர் தாங்கிக்கு 100 மில்லி.

கோடையில் அது வேலை செய்கிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிறுபோக (கோடை நெல்) அறுவடை நேரம் ஆலை வாசலில் வரிசையில் நின்றபடி எஞ்சின் மணிக்கணக்கில் சும்மா ஓடும். அப்போது எரியறை முழுச் சூடு பிடிக்காது. இன்ஜெக்டர் முனையான நொசிலின் துளை வாயில் கரி படியும்; டீசல் புகார்போலச் சிதறாமல் துளித்துளியாக விழும். கறுப்புப் புகை, இழுவைக் குறைவு, காலையில் 'டக் டக்' சத்தம் எல்லாம் அதிலிருந்து வருபவைதான். மூன்று நான்கு தாங்கிக்குத் தொடர்ந்து ஊற்றினால் ஸ்டார்ட் சத்தம் மெலிகிறது, வெள்ளைப் புகை சீக்கிரம் நிற்கிறது. பதுளை வீதியில் பிபிலை தாண்டி பாரத்தோடு ஏறும்போது கறுப்புப் புகை குறைந்திருப்பது பக்கக் கண்ணாடியிலேயே தெரியும்.

ஊற்றும் முறை முக்கியம். முதலில் அடிட்டிவ், அதன்மேல் டீசல். அப்போதுதான் விழும் வேகத்தில் கலக்கும். பழைய தாங்கி என்றால் மேலதிக பில்டர் ஒன்று வண்டியில் இருக்கவேண்டும். சுவரில் ஒட்டியிருக்கும் பிசின் கழன்று வந்து முதல் இரண்டு தாங்கிக்குள்ளேயே பில்டரை அடைக்கலாம். தேய்ந்துபோன நொசிலை எந்தப் போத்தலும் திருத்தாது. அதைக் கழற்றி அழுத்தம் வைத்துச் சோதிக்கவேண்டும். டீசல் மிச்சமாகும் என்ற பேச்சை நம்பாதீர்கள். பாரமும் டயர் காற்றும் வீதியும் கொண்டுவரும் வித்தியாசம் அதைவிடப் பெரிது.

இனி மாரிக்கு வருவோம். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். லேபிளில் பெரிய எழுத்தில் "தண்ணீரை அகற்றும்" என்று போட்டிருக்கிறது. எங்கே அகற்றும்? தாங்கிக்குள் இருக்கும் தண்ணீர் மறைந்துபோகாது. ஒன்றில் அடியில் இறங்கவேண்டும், இல்லையேல் டீசலோடு கலந்து எஞ்சினுக்குப் போகவேண்டும். அற்ககோல் சேர்ந்த போத்தலும், கழுவும் சரக்கு அதிகமான போத்தலும் செய்வது இரண்டாவது வேலையை.

டீசல் எஞ்சினுக்குப் போகும் வழியில் உள்ள தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தின் வேலை எளிது. தண்ணீர் டீசலைவிடப் பாரம், துளிகள் ஒன்றாகச் சேர்ந்து கீழே விழும், மிதவை உயரும், டாஷ்போர்டில் விளக்கு எரியும். துளிகளை அடிட்டிவ் பொடியாக உடைத்துவிட்டால் அவை சேராது, விழாது, கிண்ணத்தைத் தாண்டிவிடும். விளக்கும் எரியாது. சாரதியோ தண்ணீர் இல்லை என்று நினைத்து ஓடுவார். பழைய பம்ப் கொஞ்சம் துருவோடு தப்பும். கொமன் ரெயிலில் அழுத்தம் 1600 பார் (அழுத்த அலகு) அளவையும் தாண்டும். உள்ளே இடைவெளி சில மைக்ரோன்தான். அங்கே தண்ணீர் போனால் வழுவழுப்பு போய் உலோகம் உராயும், நொசில் முனையில் ஆவியாக வெடிக்கும். நான்கு இன்ஜெக்டரின் விலையை ஒரு போத்தலின் விலையோடு வைத்துப் பாருங்கள்.

வாங்கமுன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். வெள்ளைக் கண்ணாடிப் போத்தலில் அரை லீற்றர் டீசல், 50 மில்லி தண்ணீர், அரை மில்லி அடிட்டிவ். மருந்து ஊசியால் அளந்தால் பிழைக்காது. மூடி நன்றாகக் குலுக்கி வையுங்கள். கால் மணித்தியாலத்தில் தண்ணீர் தெளிவாக அடியில் நின்று நடுக்கோடு கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் அது தண்ணீரைப் பிரிக்கும் வகை, மாரிக்கு ஊற்றலாம். ஒரு மணித்தியாலம் போயும் நடுவில் பால்நிறப் படை நின்றால் அந்தப் போத்தலை ஐப்பசி முதல் தை வரை தாங்கிக்குக் கிட்டக் கொண்டுபோகவேண்டாம்.

போத்தலுக்கு முன் தண்ணீர் வரும் வழியை அடையுங்கள். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். வெள்ளம் பாயும் வீதியில் இறங்கமுன் தாங்கியின் மூச்சுக்குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அது மூழ்கினால் தண்ணீர் உள்ளே வரும். அரைத்தாங்கியோடு இரவு நிறுத்தினால் ஈரக்காற்று உள்ளே வேர்க்கும், பின்னேரமே நிரப்புங்கள். பெற்றோல் செட்டில் பவுசர் (எண்ணெய் கொண்டுவரும் தாங்கி லொறி) டீசல் இறக்கிக்கொண்டிருந்தால் நிற்காமல் அடுத்த செட்டுக்குப் போங்கள். நிலத்தடித் தாங்கியின் அடிமண்டி அந்த நேரம் கலங்கும்.

மாரியில் கிண்ணத்தைக் கிழமைக்கு ஒருதரமாவது திறக்கவேண்டும். விடியற்காலை, எஞ்சின் தொடமுன். இரவு முழுக்க அடங்கிய தண்ணீர் அப்போதுதான் அடியில் நிற்கும். கீழ்த் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தி, கைப்பம்பை அமத்தி 200 மில்லி அளவு போத்தலில் பிடியுங்கள். தண்ணீர் தெரிந்தால் சுத்த டீசல் வரும்வரை விடுங்கள். திருகை இறுக்கி, கைப்பம்ப் கல்லாகும்வரை அமத்திவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். கொமன் ரெயிலில் காற்றெடுக்கவென்று உயரழுத்தக் குழாயைத் தளர்த்தாதீர்கள். அந்த டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும்.

2022இல் இலங்கையில் வந்த எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பீப்பாயில் சேர்த்த டீசலால் பலருக்கு வந்தது கறுத்த வழுவழுப்பான சளி. டீசலும் தண்ணீரும் சந்திக்கும் கோட்டில் பூஞ்சையும் பற்றீரியாவும் நம்முடைய வெக்கையில் நன்றாக வளரும். அதற்குக் கிருமிகொல்லிதான் வேண்டும், கழுவும் சரக்கு உதவாது. முதலில் தண்ணீரை முழுதாக வடியுங்கள், பிறகு கையுறையோடு மருந்து. செத்த சளி பில்டரை அடைக்கும் என்பதால் பில்டரை உடனே மாற்றவும் ஆயத்தமாயிருங்கள்.

குளிரில் உறையாமல் தடுக்கும் வகை நம்முடைய கரையோரத்துக்கு வீண்செலவு. மார்கழி இரவிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. டூ-ரி ஒயில் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் எண்ணெய்) டீசலில் கலப்பவர்கள் டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் பில்டர்) உள்ள லொறிக்கு அதைச் செய்யாதீர்கள், சாம்பல் போய் அடைக்கும்.

கோடைக்கு நல்லது என்று மேலே எழுதியதை நான் மாற்றவில்லை. ஆனாலும் இன்றைக்குக் கடைக்குப் போனால் அந்தப் போத்தலில் கை வைக்கமாட்டேன். தண்ணீரைப் பற்றி அப்படியொரு பொய்யை ஒட்டி விற்பவருக்குக் கோடையிலும் காசு கொடுக்க மனம் வரவில்லை. மச்சான், அந்தக் காசுக்கு மாரி தொடங்கமுன் இரண்டு பில்டரும் ஒரு மூடி ரப்பரும் வாங்கு. பழைய பில்டரைக் கழற்றினால் அதற்குள் நிற்கும் டீசலை வெள்ளைக் கோப்பையில் ஊற்றிப் பார். துரு தெரிந்தால் தாங்கியை இறக்கிக் கழுவு. சளி என்றால் மருந்து. தெளிவாக இருந்தால் ஒன்றும் ஊற்றவேண்டாம், ஓடு.