வீட்டைவிட்டு வந்த பெண்ணோடு கடைசிவரை கூட வருகிறார்களா? ஒரு உதவி அமைப்பைப் பற்றி என் விமர்சனம்

இந்த அமைப்பின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. பெயரைச் சொன்னால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் காப்பகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று தேடிக்கொண்டு எவனாவது கிளம்பிவிடுவான், உள்ளே இருக்கும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அந்த முகவரி வெளியே தெரியாமல் இருப்பதுதான் முதல் பாதுகாப்பு. ஆனாலும் எழுத வேண்டும் என்று தோன்றியது. ஒரு ஃபோன் வாங்க நூறு விமர்சனம் படிக்கிறோம், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும்போது எந்தக் கதவைத் தட்டலாம், உள்ளே எப்படி நடத்துவார்கள் என்று தெரிந்துகொள்ள ஒன்றும் கிடைப்பதில்லை. என் பெரியப்பா மகள், எனக்கு அக்கா, கணவனின் வன்முறையிலிருந்து வெளியே வந்தபோது துணை நின்றவர்கள் இவர்கள். பெரும்பாலான இடங்களுக்கு நானும் கூடப் போனேன். அக்காவிடம் கேட்டுவிட்டு, அடையாளம் தெரியக்கூடிய எதையும் சேர்க்காமல் எழுதுகிறேன்.

முதலில் என் தீர்ப்பு: காப்பகம் சுமார். ஹெல்ப்லைன் நன்று. கேஸ் வொர்க்கர் என்று, அக்காவின் விஷயத்தைப் பொறுப்பெடுத்துப் பார்க்கும் ஊழியர் ஒருவரைக் கூடவே அனுப்பினார்களே, அதற்கு இணையாக வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

ஹெல்ப்லைனில் இருந்து ஆரம்பிக்கிறேன். பேசிய பெண் பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. "இப்ப பேச முடியுமா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். அப்புறம், "லைன் கட் ஆனா நான் திருப்பிக் கூப்பிடலாமா, வேண்டாமா?" இந்த இரண்டு கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது, ஏனென்றால் திரும்ப வரும் ஒரு அழைப்பு கணவன் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்பது அனுபவப்பட்டவர்களுக்குத்தான் தெரியும். யாராவது அறைக்குள் வந்துவிட்டால் பேச்சை எப்படி மாற்றுவது என்று ஒரு வார்த்தையும் பேசி வைத்துக்கொண்டார்கள். "ஏன் இத்தனை வருஷம் பொறுத்துக்கிட்டீங்க?" என்ற கேள்வி கடைசிவரை வரவே இல்லை. சொந்தக்காரர்கள் ஒருத்தர் விடாமல் கேட்ட கேள்வி அது. குறை என்று சொன்னால், இரவில் கூப்பிட்டால் நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அடிதடி பெரும்பாலும் இரவில்தான் நடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாதது இல்லை, ஆள் போதவில்லை என்கிறார்கள். அவர்கள் இணையப் பக்கத்தில் சட்டென்று வெளியேற ஒரு பொத்தான் உண்டு, ஆனால் அதை அழுத்தினாலும் நீங்கள் பார்த்த பக்கங்களின் பட்டியல் ஃபோனில் அப்படியே இருக்கும் என்பதை அதே பக்கத்தில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

நேரில் போன அன்று ஒரு கேள்வித்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஜாக்குலின் கேம்பெல் என்ற அமெரிக்கச் செவிலியப் பேராசிரியர் 1980-களில் உருவாக்கிய ஆபத்து மதிப்பீட்டு முறையை ஒட்டியது அது. கடந்த ஒரு வருட நாட்காட்டியைக் கையில் கொடுத்து, எப்போதெல்லாம் அடி விழுந்தது, எவ்வளவு மோசம் என்று குறிக்கச் சொல்கிறார்கள். எப்போதாவது நடப்பது என்றுதான் அக்கா எங்களிடம் சொல்லிவந்தாள், தானும் அப்படித்தான் நம்பியிருந்தாள். தன் கையாலேயே குறித்துக்கொண்டு வந்தபோது, கடைசி மாதங்களில் குறிகள் நெருங்கி நெருங்கி வந்ததைப் பார்த்து அப்படியே நிறுத்திவிட்டாள். அடுத்து, கழுத்தைப் பிடித்து நெரித்தது உண்டா என்று கேட்டார்கள். "கழுத்தைப் பிடிச்சார், ஆனா அடி ஒண்ணும் படலை" என்று ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். கேட்டவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

இதை எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். கழுத்து நெரிப்புக்கு ஆளாகி உயிர் பிழைத்த பெண் பிறகு அதே ஆளால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் கூடுகிறது என்று 2008-ல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. வெளியே ஒரு தழும்புகூட இல்லாமல் உள்ளே காயம் இருக்கலாம், மணிக்கணக்கோ நாட்களோ கழித்துத்தான் அது தெரியலாம். அன்றைக்கே அக்காவை மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு போனார்கள்.

பாதுகாப்புத் திட்டம் என்று அவர்கள் சொல்வது இந்த மதிப்பீட்டுக்குப் பிறகு வருகிறது. பிரிந்து போகப் போகிறாள் என்று தெரியவரும் நேரமும், பிரிந்த பிறகு வரும் வாரங்களும்தான் பல பெண்களுக்கு மிகவும் ஆபத்தானவை, அதனால் "உடனே கிளம்பி வா" என்று அவசரப்படுத்தாமல் ஒவ்வொன்றாக யோசித்தார்கள். சான்றிதழ்களையும் அடையாள அட்டைகளையும் நகலெடுத்து வேறொருவர் வீட்டில் வைப்பது, பிள்ளையின் தடுப்பூசி அட்டை, மாற்றுச் சாவி, அவனுக்குத் தெரியாத ஒரு ஃபோன். சமையலறையில் சண்டை ஆரம்பித்தால் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதுவரை பேசினார்கள், அங்கே கத்தி இருக்கும், குளியலறைக்குள் போனால் வெளியே வர வேறு வழி இருக்காது. தொழில்நுட்ப விஷயத்தில் அவர்கள் சொன்ன ஒன்று எனக்குப் புதிது. ஃபோனில் உளவுச் செயலி இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் உடனே அழித்துவிடாதே, எல்லாக் கடவுச்சொல்லையும் ஒரே நாளில் மாற்றாதே, அவனுக்கு விஷயம் எட்டிவிடும். முதலில் வேறு ஃபோனில் இருந்து பேசு, கிளம்பும் நாளுக்கு அப்புறம் அதைப் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளை விளையாடும் டேப்லட்டில் இருப்பிடம் பகிரப்படுவதைக் கண்டுபிடித்ததும் அவர்கள்தான், எங்களுக்கு அந்த யோசனையே வந்திருக்காது.

சரி, காப்பகம். 1971-ல் லண்டனின் சிஸ்விக் பகுதியில் எரின் பிட்ஸி தொடங்கிய காப்பகத்தில் பெண்களும் பிள்ளைகளும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள், யாரையும் திருப்பி அனுப்பவில்லை என்று படித்திருக்கிறேன். இன்றைக்கும் இடம் போதவில்லை. 10,000 மக்களுக்கு ஒரு குடும்பம் தங்கும் அளவு இடமாவது வேண்டும் என்பது ஐரோப்பாவில் பரிந்துரைக்கப்பட்ட அளவுகோல். துணையோடு வாழ்ந்த 15 முதல் 49 வயதுப் பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் துணையின் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னதோடு இதை வைத்துப் பார்த்தால் இந்த அளவுகோலே எவ்வளவு சிறியது என்று புரியும். எங்களுக்கு இடம் கிடைத்தது. சுத்தமாக இருந்தது, கதவுக்கு நல்ல பூட்டு, இரவுக் காவல் இருந்தது. ஆனால் விதிகள் அதிகம். இத்தனை மணிக்குள் வர வேண்டும், எங்கே போகிறாய் என்று எழுதி வைக்க வேண்டும், யார் வந்து பார்த்தார்கள் என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டு வாழ்ந்த ஒரு வீட்டிலிருந்து தப்பி வந்தவளை மறுபடியும் அனுமதி கேட்க வைக்கிறோமே என்று அங்கே யாராவது உட்கார்ந்து யோசிக்க வேண்டும். பாதுகாப்புக்குத் தேவையான விதி எது, நிர்வாகத்துக்கு வசதியான விதி எது என்று பிரித்துப் பார்த்தால் பாதி போய்விடும். இன்னொன்று, குறிப்பிட்ட வயதைத் தாண்டிய மகனோடு வரும் அம்மாவைச் சேர்க்க மாட்டார்கள். பல காப்பகங்களில் இந்த வழக்கம் இருக்கிறது. வளர்ந்த பையனை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு எந்தத் தாய் வருவாள்? அவளும் அங்கேயே இருந்துவிடுவாள். இதற்கு நான் மதிப்பெண் குறைக்கத்தான் செய்வேன்.

இப்போது கேஸ் வொர்க்கர். அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். காப்பகத்தில் இருந்தபோது மட்டும் அல்ல, வெளியே வந்து வாடகை வீடு பார்த்த பிறகும் வாராவாரம் வந்தார். வங்கியில் தனிக் கணக்கு தொடங்கும்போது கூட நின்றார், கடிதங்கள் பழைய முகவரிக்குப் போகாமல் பார்த்துக்கொண்டார். பள்ளியில் பேசி, பிள்ளையை யார் வந்து கேட்டால் அனுப்பலாம், யாரிடம் அனுப்பக் கூடாது என்று எழுத்தில் வாங்கிக் கொடுத்தார். நீதிமன்றம் கொடுக்கும் பாதுகாப்பு ஆணை என்றால் என்ன, அதை அவன் மீறினால் யாரிடம் எதைக் காட்ட வேண்டும் என்று அக்கா தானே சொல்லும் அளவுக்குப் புரிய வைத்தார். நீதிமன்ற வராந்தாவில் அவன் எதிரே உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தபோது நடுவில் போய் நின்றுகொண்டு அக்காவிடம் பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். அதை எந்தக் கையேட்டிலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

இப்படிக் கூட வருவது மனிதாபிமானம் மட்டும் இல்லை, பலன் தருகிறது என்று காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிரிஸ் சல்லிவன் சக ஆய்வாளரோடு 1999-ல் வெளியிட்டது. காப்பகத்தை விட்டு வெளியேறிய பெண்களில் ஒரு பகுதியினருக்கு, பயிற்சி பெற்ற கல்லூரி மாணவிகள் 10 வாரம், வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் துணையாக இருந்து வீடு, வேலை, சட்டம், பிள்ளைகள் என்று அந்தப் பெண் கேட்டதைத் தேடிக் கொடுத்தார்கள். அடுத்த 2 ஆண்டுகளில் ஒரு அடிகூடப் படாமல் இருந்தவர்கள், இந்த உதவி கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால், உதவி கிடைத்தவர்களில் இரண்டு மடங்குக்கு மேல். வெறும் 10 வாரம். இதைப் படித்த பிறகு, கட்டடத்துக்கு மட்டும் நிதி கேட்கும் அமைப்புகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

நடுவில் ஒரு சமயம் அக்கா திரும்பிப் போகலாமா என்று யோசித்தாள். நாங்கள் எல்லோரும் கத்தினோம். கேஸ் வொர்க்கர் கத்தவில்லை. "போறதா இருந்தா நாம திட்டத்தைக் கொஞ்சம் மாத்திக்கலாம். போயிட்டு எத்தனை தடவை திரும்பி வந்தாலும் நான் எடுப்பேன் உங்க ஃபோனை" என்றார். அவள் போகவில்லை. போயிருந்தாலும் அவர் சொன்னதுதான் சரி என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவளுக்காக முடிவெடுக்கும் இன்னொரு ஆள் அவளுக்குத் தேவைப்படவில்லை.

இதற்கு முன்னால் நாங்கள் போன வேறொரு இடத்தோடு ஒப்பிட்டால்தான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். அங்கே இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து "ரெண்டு பக்கமும் தப்பு இருக்கும், அனுசரிச்சுப் போங்க" என்றார்கள், இனி நல்லபடியாக நடந்துகொள்வேன் என்று அவனிடம் எழுதி வாங்கினார்கள், அவளிடமும் வாங்கினார்கள். அவன் முன்னால் அவள் எதைச் சொல்ல முடியும்? சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் அன்றைக்கு இரவு வீட்டில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க ஐரோப்பிய அவை கொண்டுவந்த 2011-ம் ஆண்டு இஸ்தான்புல் உடன்படிக்கை, இந்த மாதிரி வழக்குகளில் சமரசப் பேச்சைக் கட்டாயமாக்குவதை 48-வது பிரிவில் தடுக்கிறது. கணவன் மனைவி சண்டை வேறு, ஒருத்தர் இன்னொருத்தரின் பணம், ஃபோன், நட்பு, தூக்கம் எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்வது வேறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அப்படிக் கட்டுப்படுத்துவதே 2015 முதல் தனிக் குற்றம். எந்த அமைப்பாவது முதல் சந்திப்பிலேயே "அவரையும் கூட்டிட்டு வாங்க" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

வாராந்திரக் குழுச் சந்திப்பைப் பற்றிக் கொஞ்சம். அமெரிக்காவின் டுலூத் நகரில் 1984-ல், அடிபட்ட பெண்கள் சொன்னதைக் கேட்டு வரைந்த அதிகாரம், கட்டுப்பாடு என்ற சக்கரப் படத்தைக் காட்டிப் பேசுகிறார்கள். மிரட்டல், தனிமைப்படுத்துவது, பிள்ளைகளை வைத்து ஆட்டுவது, பணத்தைப் பிடித்து வைப்பது என்று எட்டுப் பகுதி. பெண்கள் ஒவ்வொன்றிலும் விரல் வைத்து "இது எனக்கும்" என்று சொன்னார்களாம். எனக்கு உள்ளே அனுமதி கிடையாது, அது சரியும்கூட. அங்கிருந்து வரும் நாட்களில் அக்கா நன்றாகத் தூங்குவாள்.

குறைகள் இன்னும் உண்டு. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே நிதி ஆண்டு முடிந்தது என்று கோப்பை மூடப் பார்த்தார்கள், சண்டை போட்டுத்தான் நீட்டிக்க முடிந்தது. பிள்ளைகளோடு பேச ஆலோசகர் இருக்கிறார், ஆனால் அவருக்கு வரிசை நீளம். வேற்று மொழி பேசும் ஒரு பெண் வந்தபோது அவளுடைய உறவினர் ஒருவரையே மொழிபெயர்க்க வைத்தார்கள், இது மன்னிக்க முடியாதது, அந்த உறவினர் எந்தப் பக்கம் என்று யாருக்குத் தெரியும்? சக்கர நாற்காலியில் வருபவருக்குக் காப்பகத்தில் இடமே இல்லை.

ஐந்துக்கு நான்கு தருகிறேன். நீங்கள் உங்களுக்காகவோ வேறொருத்திக்காகவோ இப்படி ஒரு இடத்தைத் தேடினால் முதல் அழைப்பிலேயே இவற்றைக் கேளுங்கள்: நான் சொல்வதை யாரிடமெல்லாம் சொல்வீர்கள், போலீஸில் புகார் கொடுத்தால்தான் உதவுவீர்களா, மகனுக்கு வயது வரம்பு உண்டா, காப்பகத்தை விட்டு வந்த பிறகு யார் என்னோடு வருவார்கள், எவ்வளவு காலம். கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வரவில்லையென்றால் அங்கே தங்கிக்கொண்டே அடுத்த இடத்தையும் கூப்பிட்டுப் பேசி வையுங்கள். உதவ நினைப்பவர்கள் பழைய துணி மூட்டையை அனுப்ப வேண்டாம், அலமாரி ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. கேஸ் வொர்க்கர் சம்பளத்துக்கென்று சொல்லிப் பணமாகக் கொடுங்கள், மாதாமாதம் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.