லேடரா, கிளைம்பரா, ஹேங்-ஆனா, சேடிலா? மாலை நேர வில் வேட்டைக்கு எந்தப் பரண்

தென்கிழக்கு ஒஹாயோவின் குன்றுக் காடுகளில் வெள்ளைவால் மானுக்காக வில்லோடு மரத்தில் உட்கார நினைப்பவர், கடையில் முதலில் பார்ப்பது உயரத்தையும் விலையையும்தான். இரண்டும் அப்புறம். லேடர் (ஏணியோடு சேர்ந்த இருக்கை), கிளைம்பர் (ஆளோடு மரத்தில் ஏறும் பரண்), ஹேங்-ஆன் (மரத்தில் கட்டும் மேடை), சேடில் (இடுப்பில் மாட்டித் தொங்கும் பட்டைத் தொட்டில்) என்ற நான்கு வகையிலும் 15 முதல் 20 அடி உயரத்துக்குப் போய்விடலாம். வேறுபாடு தெரிவது ஏறும்போதும் இறங்கும்போதும்: வெயில் இருக்கையில் சத்தமில்லாமல் ஏற வேண்டும், இருட்டிய பிறகு மானுக்குத் தெரியாமல் இறங்க வேண்டும். நடுவில் உட்கார்ந்திருக்கும் மூன்று மணி நேரத்துக்கு எந்தப் பரணும் ஒப்பேறிவிடும்.

பரண் நமக்குப் பழைய சொல். தினைப்புனம் காத்ததே பரணில் இருந்துதான். ஆனால் இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே பேசுவது உரிமம் எடுத்து, பருவம் பார்த்து ஆடும் அமெரிக்க வேட்டையைப் பற்றி மட்டும்.

ஏறும் நேரம்

ஒஹாயோவில் சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை அம்பு விடலாம். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரம் ஒரு மணி பின்னுக்குப் போனதும் அந்தப் பக்கம் 5.20 வாக்கில் பொழுது சாய்கிறது. மான் படுக்கையை விட்டு எழுந்து தீனிக்கு நடப்பது பெரும்பாலும் கடைசி ஒரு மணி நேரத்தில். ஆகவே 2.30-க்குள் மேலே இருந்தால் காடு மறுபடி அமைதியாக அவகாசம் கிடைக்கும்.

லேடரில் இந்தக் கவலை இல்லை. ஆகஸ்டிலேயே நிறுத்தி, அம்பு போகும் பாதையில் கிளைகளை நறுக்கி வைத்துவிட்டால், அன்று வேலை ஒரு நிமிடம் ஏறுவது மட்டுமே. கஷ்டம் எல்லாம் நிறுத்தும் நாளில். எடை பெரும்பாலும் 50 பவுண்டுக்கு மேல். இருவர் அமரும் வகையில் சில 100-ஐத் தாண்டும். மூன்று பேர் வேண்டும். தனி ஆளாகத் தூக்கி மரத்தில் சாய்ப்பதுதான் இதில் நடக்கும் பெரிய முட்டாள்தனம். நடுத் தாங்குகம்பியை மரத்தோடு கட்டி, இருக்கைப் பக்கத்துக் கயிறுகளைக் கீழிருந்தே குறுக்காகப் போட்டு இறுக்கிய பிறகே முதல் ஆள் ஏறலாம். மேலே போய் ராட்செட் பட்டையை (நெம்பி இறுக்கும் கட்டுப்பட்டை) இறுக்கி முடிக்கும்வரை மற்ற இருவரும் கீழே பிடித்திருக்க வேண்டும். கண்ணில் படாமல் போகும் இன்னொரு விஷயம் போல்ட் இணைப்புகள். குளிரில் கீச்சிடும். ஒவ்வொரு இணைப்பிலும் நைலான் வாஷர் போட்டால் தீர்ந்தது.

கிளைம்பர் இரண்டு துண்டு: கீழே மேடை, மேலே இருக்கை. இருக்கைக் கம்பியை ஒரு முழம் மேலே தள்ளி மரத்தில் கவ்வ விட்டு, அதில் எடையைப் போட்டு, பாதத்தால் மேடையை இழுத்து ஏற வேண்டும். சுமார் 20 பவுண்டு, பத்துப் பதினைந்து நிமிட வேலை. மரம் மட்டும் அமைய வேண்டும்: நேராக, 8 முதல் 20 அங்குலக் குறுக்களவில், 20 அடிவரை கிளையே இல்லாமல். டியூலிப் பாப்லர் இதற்கென்றே வளர்ந்தது போல நிற்கும். மான் ஓக் கொட்டை பொறுக்கும் வெள்ளை ஓக்கில் கிளை குறுக்கே வரும். ஷாக்பார்க் ஹிக்கரியில் பட்டை சீவல் சீவலாக உரியும். பற்கள் மரத்தைப் பிடிக்காமல் பட்டையைப் பிடிக்கும். வழவழப்பான பீச் மரம் பனி படிந்த நாளில் வேண்டவே வேண்டாம்.

கிளைம்பரில் புதியவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. மரம் மேலே போகப் போக மெலியும். தரையில் மட்டமாக மாட்டிய மேடை 18 அடியில் முன்பக்கம் கீழே சாய்ந்துவிடும். தரையிலேயே முன்விளிம்பைச் சில அங்குலம் தூக்கலாக மாட்டினால் மேலே போனதும் மட்டமாகும். இரண்டு துண்டையும் இணைக்கும் கயிறு கட்டாமல் ஏறக் கூடாது. பாதம் நழுவி மேடை கீழே போய்விட்டால், இருக்கையில் தொங்கிக்கொண்டு யாரையாவது கூப்பிட வேண்டியதுதான்.

ஹேங்-ஆனுக்கு நான்கு ஏறுகுச்சிகள் (மரத்தில் கட்டும் படிகள்), ஒரு மேடை. எல்லாம் சேர்த்து 20 முதல் 25 பவுண்டு. பழகியவருக்கும் அரை மணி நேரம் பிடிக்கும். லைன்மேன் கயிற்றை (கம்பத்தில் ஏறுபவர் கட்டுவது போன்றது) மரத்தைச் சுற்றி இடுப்பில் மாட்டிக்கொண்டு இரண்டு கையும் விட்டு வேலை செய்யலாம் என்பதால் வளைந்த மரமும் சரி, கிளையுள்ள மரமும் சரி. கடைசிக் குச்சியின் மேல்படி மேடையை விட உயரமாக இருக்கட்டும். மேடைக்குக் காலை இறக்கி வைக்க வேண்டும், தூக்கி வைக்கக் கூடாது. விழுபவர்களில் பலர் விழுவது இந்த ஒரு அடியில்தான். கட்டுப்பட்டையை இறுக்கியதும் மேடையைக் காலால் அழுத்தி, பற்கள் மரத்தில் பதிந்ததா என்று பார்த்துவிட்டு ஏறவும். பக்கிளும் குச்சியும் உரசினால் வரும் ‘டிங்’ சத்தம் காட்டில் கிடையாது; துணி டேப் சுற்றுவது பத்து நிமிட வேலை.

சேடிலுக்கும் இதே குச்சிகள்தான். மேடைக்குப் பதில் ஒரு சின்ன மிதிபலகை, இடுப்பில் பட்டைத் தொட்டில், மரத்தில் கட்டிய கயிறு. மொத்தம் 20 பவுண்டுக்குள் அடங்கும். பொது நிலத்தில் இரண்டு மைல் நடந்து வேட்டையாடுபவர்கள் இதற்கு மாறியதன் காரணம் இந்த எடை.

காற்றும் வெயிலும்

ஒரு மாலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். வெயில் சரிவை விட்டு விலகியதும் காற்று குளிர்ந்து பள்ளத்தை நோக்கித் தண்ணீர் போல வழியும். மூன்று மணிக்கு நல்ல இடமாக இருந்தது ஐந்து மணிக்கு உங்கள் வாடையை நேராகப் படுக்கைக்கு அனுப்பும். அதனால் மாலையில் மான் நடக்கும் தடத்துக்குக் கீழ்ப்பக்கம் மரம் தேர்வது நல்லது. சூரியன் முதுகுக்குப் பின்னே இருந்தால் மான் உங்களைப் பார்க்கும்போது அதன் கண் கூசும். அதற்கு வயலின் மேற்கு ஓரம் வேண்டும். ஆனால் அங்கே அடிக்கடி வீசுவது மேற்குக் காற்று. மேற்கு ஓரத்தில் உட்கார்ந்தால் வாடை வயலுக்குள்தான் போகும்.

இந்த முடிச்சை லேடரால் அவிழ்க்க முடியாது. காற்று தப்பான நாளில் வீட்டில் இருப்பதே அதற்குச் சரி. முடியாதென்றால் இரண்டாவது லேடர் வாங்க வேண்டும். மற்ற மூன்றில் எந்த மரத்திலும் ஏறலாம் என்ற சுதந்திரம் ஹேங்-ஆனுக்கும் சேடிலுக்கும் மட்டுமே உண்டு.

அம்பு விடும்போது

18 அடி மேடையில் நின்றால் வில் 23 அடியில் இருக்கும். மானின் நெஞ்சு தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றடி. வித்தியாசம் 20 அடி. 20 கெஜத்தில் கோணம் 18 டிகிரி, நிம்மதியான அம்பு. அதே மான் 10 கெஜத்துக்கு வந்தால் 34 டிகிரி. மேடையை 25 அடிக்கு ஏற்றினால் 10 கெஜத்தில் 42 டிகிரி ஆகிவிடும். மேலிருந்து நுழையும் அம்பு ஒரு நுரையீரலோடு நின்றுபோகலாம், அப்புறம் டார்ச்சோடு இரவெல்லாம் இரத்தத் தடம் தேட வேண்டும். உயரம் கூடக் கூட நல்லது என்பவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. வகை எதுவானாலும் கையை மட்டும் இறக்கிக் குறி வைக்காமல் இடுப்பில் வளைய வேண்டும். இல்லாவிட்டால் அம்பு மேலே போகும்.

சேடிலில் முகம் மரத்தைப் பார்த்து இருக்கும். மானுக்கும் உங்களுக்கும் நடுவே மரமே மறைப்பு. அதற்கு ஈடாக ஒரு குறை: வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் எளிது, வலப்பக்கம் பாடு. வில்லை, மரத்தில் கட்டிய முன்கயிற்றுக்கு மேலே தூக்கி உடம்பைச் சுழற்றித்தான் விட முடியும். ஆகவே தடம் இடப்பக்கம் வருமாறு கட்ட வேண்டும். வீட்டு முற்றத்தில் மிதிபலகையைத் தரையிலிருந்து இரண்டடியில் கட்டி, ஒரு மாதமாவது பழகாமல் இதைக் காட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. லேடரில் முன்னால் உள்ள கைப்பிடிக் கம்பி துப்பாக்கிக்கு வசதி, வில்லின் கீழ் முனை அதில் இடிக்கும். கழற்றக்கூடிய கம்பி உள்ளதாகப் பார்த்து வாங்கவும்.

இருட்டில் இறங்குவது

நேரம் முடிந்துவிட்டது, எட்டு பெண் மான்கள் வயலில் 15 கெஜத்தில் மேய்கின்றன. இப்போது இறங்கினால் அந்த மரத்தை அவை மறக்காது. கிளைம்பரின் பலவீனம் இதில்தான்: பட்டையைச் சுரண்டிக்கொண்டு ஐந்து நிமிடம் இறங்க வேண்டும். குச்சிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு இறங்குவதும் இருட்டில் சத்தமே. விதி அனுமதித்தால் விட்டுவிட்டு வருவது மேல். லேடரில் சத்தம் குறைவு, ஆனால் வயலோரத்தில் நட்டிருப்பதால் மான் கண்ணெதிரே இறங்க நேரும். தெரிந்த பண்ணையாரிடம் வண்டியை வயலுக்குள் ஓட்டிவரச் சொல்வார்கள். வண்டிக்கு ஒதுங்கும் மான் மரத்தைச் சந்தேகிக்காது. நகர்த்தும் வகை வைத்திருந்தால் வயலை விட்டு 80 கெஜம் காட்டுக்குள், மான் இருட்டுக்காகத் தயங்கி நிற்கும் இடத்தில் உட்காருங்கள். அவை வயலுக்குப் போனபின் பின்வழியாக இறங்கலாம்.

எதை வாங்குவது

தனியார் பண்ணை, பிள்ளையோடு உட்கார ஆசை, முழங்கால் வலி என்றால் லேடர். நேர் மரக் காடும் குறைந்த நடையும் என்றால் கிளைம்பர். இப்போது பலரும் அதை ஓரம் கட்டுகிறார்கள், அது நியாயமில்லை. பொது நிலத்தில் தொடங்குபவருக்குச் சேடிலை விட ஹேங்-ஆன்தான் எங்கள் வோட்டு: நிற்க அகலமான இடம், இரண்டு பக்கமும் அம்பு, பழக்கக் காலம் குறைவு. குச்சிகள் பொது என்பதால் அடுத்த வருடம் சேடிலுக்கு மாறினாலும் பாதிக் காசு வீணாகாது. பல மாநிலங்களில் பொது நில மரத்தில் ஆணியோ திருகுப்படியோ அடிக்கக் கூடாது. அந்த மாநில விதிப் புத்தகத்தை முதலில் பார்க்கவும்.

நான்குக்கும் பொதுவாக முழு உடல் ஹார்னஸ் (விழாமல் தாங்கும் பாதுகாப்புப் பட்டை). தரையை விட்டுக் கால் எடுக்கும்போதே மாட்டி, திரும்பத் தரை தொடும்வரை கழற்றாமல் இருந்தால்தான் பயன். நிலையாகக் கட்டிய பரணுக்கு மேலிருந்து கீழ்வரை ஒரு கயிறும் அதில் நகர்ந்து, எடை விழுந்தால் இறுகும் புருசிக் முடிச்சும் போட்டுவிட்டால் இது தானாக நடக்கும். ஹார்னஸில் தைத்திருக்கும் காலாவதித் தேதியைப் பாருங்கள். வருடம் முழுக்க மரத்தில் கிடந்த கட்டுப்பட்டையை வெயிலும் அணிலும் விட்டுவைக்காது. மரம் பருத்தும் அதை இழுத்திருக்கும். விழுந்து தொங்கினால் கால் பட்டை தொடையை இறுக்கி இரத்த ஓட்டத்தை அடைக்கும், அதனால் காலை ஊன்றி நிற்க ஒரு வளையக் கயிறு பாக்கெட்டில் இருக்கட்டும். வில்லைக் கையில் பிடித்து ஏறாமல், நாணில் அம்பு பூட்டாமல், அம்புகள் கூட்டில் மூடியிருக்க, மேலே போய் அமர்ந்து ஹார்னஸ் கயிற்றை இறுக்கிய பிறகு இழுகயிற்றால் தூக்குங்கள்.