மஞ்சள் பிஹெச் பேனாவும் டிடிஎஸ் பேனாவும்: எதை எதுவரை நம்பலாம்?

ஹைட்ரோபோனிக்ஸ் (மண்ணில்லாமல் சத்துநீரில் செடி வளர்ப்பது) தொடங்குகிறவர்கள் ஆன்லைனில் முதலில் வாங்குவது பெரும்பாலும் ஒரு ஜோடியைத்தான்: கரைசலின் அமில-காரத் தன்மையைக் காட்டும் மஞ்சள் நிற பிஹெச் பேனா, கூடவே தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் ஒரு டிடிஎஸ் பேனா. பெயர் தெரியாத பத்துக் கம்பெனிகள் ஒரே அச்சில் வார்த்து விற்கும் சரக்கு. ஒரே டப்பாவில் வருவதால் இரண்டையும் ஒரே அளவுக்கு நம்பிவிடுகிறோம். டிடிஎஸ் பேனா கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கும். பிஹெச் பேனாவோ, பஃபர் கரைசல் (பிஹெச் இன்னதென்று நிச்சயமாகத் தெரிந்த, பேனாவைச் சரிபார்க்கும் கரைசல்) இல்லாத வீட்டில் வெறும் பொம்மை. இலை மஞ்சளானதும் தவறான மருந்து கொடுப்பதற்குப் பாதிக் காரணம் இந்தப் பொம்மைதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். டிடிஎஸ் பேனா உண்மையில் அளப்பது மின்கடத்தும் திறனை, அதாவது ஈசியை. அதை ஒரு எண்ணால் பெருக்கித்தான் பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) காட்டுகிறது. மலிவுப் பேனாக்களில் அந்த எண் பெரும்பாலும் 0.5; சில கருவிகளில் 0.64 அல்லது 0.7. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஈசி 1.2 (மில்லிசீமன்ஸ், அதாவது 1200 மைக்ரோசீமன்ஸ்) உள்ள கரைசலை 0.5 பேனா 600 என்று காட்டும், 0.7 பேனா 840 என்று காட்டும். யாரோ சொன்ன 840-ஐ நம்பி உங்கள் 0.5 பேனாவில் 840 வரும்வரை உரம் ஊற்றினால் ஈசி 1.68 ஆகிவிடும், லெட்டூஸ் ஓரம் கருகும். அதனால் நோட்டில் ஈசியை மட்டும் எழுதுங்கள்: 0.5 பேனாவானால், காட்டும் பிபிஎம்மை 500 ஆல் வகுத்தால் போதும். லெட்டூசுக்கு 0.8 முதல் 1.2, கொத்தமல்லிக்கு 1.2 முதல் 1.8, காய்க்கும் தக்காளிக்கு 2-க்கு மேல்.

திரையில் 999-ஐத் தாண்டியதும் பல மாடல்களில் ஓரமாக ‘×10’ என்று ஒரு சின்னக் குறி மின்னும். அதைக் கவனிக்காமல் 132 என்று படித்து, ‘சத்தே இல்லை’ என்று மேலும் ஊற்றுகிறவர்கள் உண்டு. அது 1320.

பேனா சரிதானா என்று பார்க்க 1413 மைக்ரோசீமன்ஸ் திட்டக் கரைசலில் (ஈசி இவ்வளவு என்று உறுதியாகத் தெரிந்த கரைசல்) தோய்த்தால் 0.5 பேனா 707-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். அது கைவசம் இல்லையென்றால், 5 கிராம் தூள் உப்பை 1 லிட்டர் டிஸ்டில்ட் வாட்டரில் கரைத்து, அதில் 100 மில்லியை எடுத்து மறுபடி 1 லிட்டராக்குங்கள். 500 பக்கத்தில் நின்றால் பேனா நல்லது. தோராயமான சோதனைதான், ஆனால் 350 காட்டும் பேனாவைப் பிடித்துவிடும்.

இந்தப் பேனாவால் பார்க்க முடியாதவை இரண்டு. தண்ணீரில் இருப்பது கால்சியமா, வெறும் சோடியமா என்று அதற்குத் தெரியாது. யூரியா அதன் கண்ணிலேயே படாது, ஏனென்றால் யூரியா மின்சாரம் கடத்தாது. உரக்கடையில் எளிதாகக் கிடைக்கும் 19:19:19-இல் பாதிக்கு மேற்பட்ட நைட்ரஜன் யூரியாவாகத்தான் இருக்கிறது. மண்ணில் அதை நுண்ணுயிர்கள் மாற்றித் தரும். பைப்புக்குள் ஓடும் தண்ணீரில் அந்த வேலை அரைகுறையாகத்தான் நடக்கும். பேனா சொல்லும் எண்ணுக்கும் செடிக்குக் கிடைப்பதற்கும் தொடர்பே இருக்காது. ஏ, பி என்று பிரித்துத் தரும் நைட்ரேட் அடிப்படையிலான உரத்துக்கே இந்தப் பேனா பொருந்தும். (ஏ பாட்டிலையும் பி பாட்டிலையும் நேராகக் கலக்காதீர்கள். கால்சியம், சல்பேட்டோடும் பாஸ்பேட்டோடும் சேர்ந்து அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். ஏ-யைத் தண்ணீரில் ஊற்றிக் கலக்கிய பிறகே பி.)

அடுத்து மஞ்சள் பேனா. விளம்பரத்தில் 0.01 வரை காட்டும் என்றிருக்கும். காட்டும்தான், அந்த இரண்டாவது தசம எண்ணுக்கு மதிப்பே கிடையாது. கூட வரும் 6.86, 4.01 பஃபர் பொட்டலங்களை, மேலே வேறு அளவு அச்சிட்டிருந்தாலொழிய, தலா 250 மில்லி டிஸ்டில்ட் வாட்டரில் கரைக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் கரைத்தால் அந்தப் பொட்டலம் வீண். பேனாவை 6.86-இல் வைத்து பட்டனையோ பின்பக்கத் திருகையோ பயன்படுத்திச் சரிசெய்யுங்கள். கழுவி, துடைக்காமல் டிஷ்யூவால் ஒற்றி எடுத்து, 4.01-இல் விடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் 3.9-க்கும் 4.1-க்கும் இடையில் நிற்க வேண்டும். 4.4-இல் நின்றாலோ, ஊர்ந்துகொண்டே இருந்தாலோ பேனா நுனியில் அளக்கும் கண்ணாடிக் குமிழ் தேய்ந்துவிட்டது. பட்டன் வைத்த மாடல்களுக்கு 6.86 என்ற எண் உள்ளேயே பதிந்திருக்கும். ஆய்வுக்கூடக் கடையில் வாங்கிய 7.00 பஃபரில் வைத்து அழுத்தினால் அன்றிலிருந்து எல்லா அளவும் 0.14 குறைவாகவே வரும்.

தேய்மானத்தை விடப் பெரிய தொல்லை நகர்வு. இன்று 6.86-இல் சரிசெய்த பேனா, மூடிக்குள் காய்ந்து கிடந்தால், சில வாரங்களில் அரைப் புள்ளி, ஒரு புள்ளி தள்ளி நிற்கும். அதைப் பற்றி எந்த எச்சரிக்கையும் தராது. மூடிக்குள் எப்போதும் ஈரம் வேண்டும்: 100 மில்லியில் 22 கிராம் சுத்தமான பொட்டாசியம் குளோரைடு கரைத்த நீர், இல்லாவிட்டால் 4.01 பஃபர். ஆர்ஓ தண்ணீரோ டிஸ்டில்ட் வாட்டரோ கூடவே கூடாது, அவை குமிழைக் கெடுக்கும். வாரம் ஒருமுறை 6.86-இல் சரிபார்க்கச் சோம்பல் படுகிறவர் இந்தப் பேனாவை வாங்காமல் இருப்பதே லாபம்.

நகர்ந்த பேனா செடியை எப்படிக் கெடுக்கிறது என்று பாருங்கள். நுனி இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. ஈசி சரியாக இருக்கிறது. பேனா 6.1 என்கிறது. ‘பிஹெச் நன்றாகத்தானே இருக்கிறது, இரும்புச் சத்துதான் போதவில்லை’ என்று இரும்பைக் கூட்டுகிறோம். உண்மையில் கரைசல் 7.1. மலிவான உரங்களில் இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்து வைக்க ஈடிடிஏ என்ற பொருளைச் சேர்த்திருப்பார்கள்; அந்த ஈடிடிஏ இரும்பு 6.5-க்கு மேல் பிடிப்பை இழக்கத் தொடங்கும். எவ்வளவு ஊற்றினாலும் வேருக்கு எட்டாது. டிடிபிஏ என்ற வேறு பொருள் பிடித்து வைத்த இரும்பு 7.5 வரை தாங்கும். ஆனால் முறையான மருந்து பிஹெச்சை 5.8-க்கு இறக்குவதுதான். அதே நரம்புப் பச்சை அடி இலையில் தெரிந்தால் அது மெக்னீசியம்; அடி இலை முழுக்க ஒரே சீராக வெளுத்தால் நைட்ரஜன்; அடி இலையின் ஓரம் கருகினால் பொட்டாசியம். லெட்டூசின் உள் இலை நுனி கருகுவது கால்சியம் சேராததால்; அங்கே பெரும்பாலும் தொட்டியில் குறை இருக்காது, காற்றோட்டம் இருக்காது.

சந்தேகம் வந்தால் தீர்ப்புச் சொல்ல ஒரு சொட்டுக் கிட் (தண்ணீரில் சில சொட்டு விட்டு, நிறத்தைப் பார்த்து பிஹெச் அறிவது) வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் என்றால் 6 அளவில், பச்சை என்றால் 7. மீன் தொட்டிக் கடையில் கிடைப்பதை வாங்காதீர்கள்; அவற்றில் பல 6.0-க்குக் கீழே எதற்கும் ஒரே மஞ்சளைத்தான் காட்டும். 4 முதல் 8 வரை காட்டுவது வேண்டும்.

இன்னொரு புகார், ‘நேற்றுதான் 5.8-க்கு இறக்கினேன், இன்று 7 காட்டுகிறது, பேனா மோசம்.’ இந்த ஒரு விஷயத்தில் பேனா மீது தப்பில்லை. போர்வெல் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம். அமிலம் அதை கார்பன் டை ஆக்சைடாக மாற்றுகிறது. ஏர் பம்ப் அதை வெளியேற்ற, பிஹெச் மறுபடி ஏறுகிறது. காரத்தன்மை (இந்தப் பைகார்பனேட்டின் அளவு, கால்சியம் கார்பனேட் கணக்கில்) லிட்டருக்கு 300 மில்லிகிராம் உள்ள தண்ணீரை அடக்க, 20 லிட்டருக்கு 85 சத பாஸ்பாரிக் அமிலம் ஏறத்தாழ 7 மில்லி பிடிக்கும். அவ்வளவு ஊற்றினால் பாஸ்பரஸ் 150 பிபிஎம்மைத் தொடும். தேவை 30 முதல் 50. மிச்சம் இரும்பையும் துத்தநாகத்தையும் முடக்கும். எலுமிச்சைச் சாறும் வினிகரும் ஓரிரு நாள் கூத்து, நுண்ணுயிர்கள் தின்றுவிடும். ஆர்ஓ தண்ணீரையோ மழைநீரையோ பாதிக்குப் பாதி கலப்பதுதான் வழி. உரம் போடும் முன்பே தண்ணீரின் ஈசி 1.4 என்றால் அதில் லெட்டூசை மறந்துவிடுங்கள்.

ஆக, டிடிஎஸ் பேனாவுக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண், மஞ்சள் பேனாவுக்கு இரண்டு. பைப் நூறு ஓட்டையைத் தாண்டி விற்பனைக்கு வளர்க்கிறவர், எலக்ட்ரோடு மாற்றக்கூடிய பிஹெச் மீட்டருக்குப் போவது நல்லது. நாலு பக்கெட் வைத்திருப்பவருக்கு டிடிஎஸ் பேனாவும் சொட்டுக் கிட்டும் போதும். அப்படியும் மஞ்சள் பேனாதான் என்றால், பார்சல் வந்த அன்றே குமிழை இரண்டு மணி நேரம் ஊறவைத்து 6.86, 4.01 இரண்டிலும் தோய்த்துப் பாருங்கள். தேறாவிட்டால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.